ஜெயித்த பிள்ளையின் ஃபைல் எங்கே?

நித்தியகல்யாணிச் செடி தெரியும்தானே? தண்ணீர் ஊற்ற ஆளில்லாவிட்டாலும் வருஷம் முழுக்கப் பூக்கிற, ஐந்து இதழ் ரோஸ் கலர் பூ. பெயர் என்னவோ மங்களகரம். ஆனால் கல்லறைத் தோட்டத்திலும் மயானத்து ஓரத்திலும் தானாக முளைத்து நிற்பதால் ‘சுடுகாட்டு மல்லி’ என்று இன்னொரு பட்டமும் வாங்கிக்கொண்டது. களியக்காவிளை தாண்டினால் இன்னும் மோசம்... மலையாளத்தில் அதற்கு ‘சவம்நாறி’ என்றே ஒரு பெயர்!

இந்தச் சவம்நாறி பிழைக்க வைத்த பிள்ளைகள் உலகத்தில் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள் என்றால் நம்புவீர்களா?

1952-ல் ஜமைக்கா தீவிலிருந்து கனடாவுக்கு ஒரு கவர் போனது. உள்ளே 25 இலை. ‘எங்க ஊர்க்காரங்க சர்க்கரை வியாதிக்கு இதைக் கஷாயம் போட்டுக் குடிக்கிறாங்க’ என்று சேதி. ராபர்ட் நோபிள் என்கிற ஆராய்ச்சியாளர் அதை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். சர்க்கரை இம்மியும் குறையவில்லை. எலிகள்தான் கிருமி தொற்றிச் செத்தன. வேறொருவராக இருந்தால் இலையைக் குப்பையில் போட்டுவிட்டு டீ சாப்பிடப் போயிருப்பார். நோபிள், ஏன் செத்தன என்று பார்த்தார். ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் மடமடவென்று குறைந்திருந்தன! ரத்தப் புற்றுநோயில் வெள்ளை அணுக்கள்தானே கண்டபடி பெருகுகின்றன?

அவரும் சார்லஸ் பீரும் 1958-ல் வின்பிளாஸ்டினை அறிவித்தார்கள். அதே செடியிலிருந்து அமெரிக்காவின் எலி லில்லி கம்பெனி எடுத்த வின்கிறிஸ்டின் 1963-ல் மருந்துக் கடைக்கு வந்தது. இன்றைக்கும் ரத்தப் புற்றுநோய் வந்த பிள்ளைக்கு முதல் மாதத்திலேயே ஏறுகிற ஊசி அதுதான். நம் தென் மாவட்டக் காடுகளில் இந்தச் செடியை மருந்துக்காகப் பயிராகவே போடுகிறார்கள்.

இன்னொரு மருந்திலும் நம் பக்கத்து வாசனை உண்டு. எல்லப்பிரகட சுப்பாராவ், 1895-ல் ஆந்திராவில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். காந்தி சொன்னாரென்று கதர்க் கோட்டு போட்டுக்கொண்டு ஆபரேஷன் தியேட்டருக்குப் போனதில் வெள்ளைக்காரப் பேராசிரியருக்குக் கோபம் வந்து, எம்.பி.பி.எஸ். தராமல் குறைந்த பட்டத்தோடு அனுப்பிவிட்டார்கள் என்பார்கள். மனுஷர் அமெரிக்கா போய் ராத்திரியில் ஆஸ்பத்திரி வார்டு வேலை பார்த்துக்கொண்டே ஆராய்ச்சி செய்தார். லெடர்லி கம்பெனியில் அவருடைய குழு தயாரித்த அமினோப்டெரின் மருந்தைத்தான் பாஸ்டன் டாக்டர் சிட்னி ஃபார்பர் பிள்ளைகளுக்குப் போட்டார். 16 பேரில் 10 பேருக்கு நோய் தற்காலிகமாகப் பின்வாங்கியது. 1948 ஜூனில் அந்தக் கட்டுரை வெளிவந்தது. ஆகஸ்டில் சுப்பாராவ் இறந்துபோனார்.

‘தற்காலிகமாக’ என்கிற வார்த்தையில்தான் வில்லங்கம். ஒற்றை மருந்து கொடுத்தால் சில மாதத்தில் நோய் திரும்பி வந்தது. 1962-லிருந்து மெம்ஃபிஸ் நகரத்தில் டொனால்ட் பிங்கெல் எல்லா மருந்தையும் சேர்த்து, முறை வைத்து, வருஷக்கணக்கில் கொடுத்துப் பார்த்தார். பாதிப் பிள்ளைகள் பிழைத்தார்கள். வசதியான நாடுகளில் இன்றைக்கு அது நூற்றுக்குத் தொண்ணூறு.

சரி, நம்மூர்?

அவியல் கணக்கு

1970-களில் இந்தியாவின் பெரிய ஆஸ்பத்திரிகளிலேயே நூற்றுக்கு இருபது பிள்ளைகள்கூடத் தேறவில்லை. இத்தனைக்கும் மருந்துகள் இங்கேயும் இருந்தன. அடையாறு புற்றுநோய் நிலையத்தில் பிள்ளைகளுக்கென்றே 1960-ல் தனி வார்டும் வந்தாயிற்று. பிறகென்ன குறை?

நாஞ்சில் நாட்டுக் கல்யாண அவியலைப் பாருங்கள். காய் எல்லா ஊரிலும் கிடைக்கிற காய்தான். தேங்காயும் அப்படியே. எதை முதலில் போடுவது, எப்போது அடுப்பைத் தணிப்பது என்பதில்தான் சங்கதி. அதுபோல ஒரே கைப்பாகத்தை 1984-ல் மூன்று இடங்களில் தொடங்கினார்கள். சென்னை அடையாறு, மும்பை டாட்டா, டெல்லி எய்ம்ஸ். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகத்தின் இயன் மெக்ராத்தோடு சேர்ந்து போட்ட திட்டம். பெயர் எம்.சி.பி. 841. அடையாறில் அப்போது தலைமையில் இருந்தவர் டாக்டர் சாந்தா.

புது மருந்து ஒன்றுகூட இல்லை. மூன்று ஊரிலும் ஒரே முறை, ஒரே கணக்கு நோட்டு. மருந்தால் எதிர்ப்புச் சக்தி இறங்கும் நாட்களில் கிருமி அண்டாமல் பார்த்துக்கொள்வது. யார் பிழைத்தார்கள், யார் போனார்கள், எதனால் என்று ஒன்று விடாமல் எழுதுவது. நாலு வருஷம் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் இருபதுக்குக் கீழேயிருந்து 45, 60 என்று ஏறினார்கள். 1990-லிருந்து 1997 வரை சிகிச்சை பெற்ற 1048 பேரின் கணக்கை 2005-ல் வெளியிட்டார்கள். ஆராய்ச்சி என்றால் கண்ணாடிக் குடுவையில் புகை வரும் என்று சினிமாவில் பார்த்திருக்கிறோம். இங்கே பேனாவும் பேரேடும்தான் பாதி வேலை!

‘என் பிள்ளையை வெச்சு டெஸ்ட் பண்ணுகாவளா?’ என்று அப்பாமார் கலங்குவது நியாயம்தான். ஆனால் இதில் ஒரு பிள்ளைக்கு மருந்து, இன்னொரு பிள்ளைக்கு வெறுந்தண்ணி என்பதெல்லாம் கிடையாது. தெரிந்ததில் நல்ல சிகிச்சை ஒரு பக்கம், அதிலேயே சின்ன மாறுதல் மறுபக்கம். யாருக்கு எது என்று சீட்டுக் குலுக்குவதுபோல் முடிவாகும். பெற்றோர் கையெழுத்து வேண்டும். மாட்டேன் என்றாலும் வழக்கமான சிகிச்சை உண்டு. 2016-ல் தொடங்கிய ‘ஐசிக்கிள்’ என்கிற அகில இந்திய ஆய்வில் கேட்ட கேள்விகளில் ஒன்று இது: சின்னப் பிள்ளைகளுக்கு ஆரம்பத்தில் கொடுக்கிற ஸ்டீராய்டை ஐந்து வாரம் கொடுக்க வேண்டுமா, மூன்று வாரம் போதுமா? பார்க்கத்தான் சின்ன வித்தியாசம். அந்த இரண்டு வாரத்தில் கிருமி தொற்றிப் போகிற பிள்ளைகளைப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் எடை தெரியும்.

நெய்யூரும் திருவனந்தபுரமும்

புற்றுநோய் ஆராய்ச்சி நம் மாவட்டத்துக்குப் புதிதல்ல. நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் எவரெஸ்ட் ஏறப் போன சாமர்வெல் டாக்டர் கத்தி பிடித்த காலம். அவரோடு வேலை பார்த்த டாக்டர் ஓர், வெற்றிலை பாக்கு போடுகிற திருவிதாங்கூர்க்காரர்களின் வாய்ப் புற்றுநோயைப் பற்றி 1933-லேயே லண்டன் ‘லான்செட்’ பத்திரிகையில் எழுதினார். பெரியவர்களின் நோய் அது, பழக்கத்தால் வருவது. பிள்ளைகளின் ரத்தப் புற்றுநோய் அப்படியல்ல. பெரும்பாலும் காரணமே பிடிபடுவதில்லை. ‘மாசமா இருக்கும்போ அவ என்னத்தத் தின்னாளோ’ என்று தாயைக் குத்துகிற கிழவிகள் தயவுசெய்து வாயை மூடிக்கொள்ளலாம்.

மாவட்டம் 1956-ல் தமிழ்நாட்டோடு சேர்ந்தாலும், பெரிய வியாதி என்றால் நாகர்கோவில்காரன் கால் இன்னும் திருவனந்தபுரம் பக்கம்தான் திரும்புகிறது. எழுபது கிலோமீட்டர் சொச்சம். அங்கே மருத்துவக் கல்லூரி வளாகத்தில் 1981-ல் மண்டலப் புற்றுநோய் மையம் வந்தது. ஊரில் எல்லோரும் சொல்வது ஆர்.சி.சி. சென்னை அடையாறுக்கு ஒரு ராத்திரிப் பயணம். ஆர்.சி.சி.க்கு விடியற்காலை ரயிலைப் பிடித்தால் ஓ.பி. சீட்டுக்கு வரிசையில் நின்றுவிடலாம். மலையாளமும் நமக்குத் தகராறு இல்லை.

சிகிச்சை இரண்டு வருஷத்துக்கு மேல் இழுக்கும். முதல் ஆறு, ஏழு மாதம் கடுமை. தட்டணு குறைந்தால் மூக்கில் ரத்தம் வரும். அந்தத் தட்டணுவை ஐந்து நாளைக்கு மேல் சேமித்துவைக்க முடியாது. ஆகவே கொடுக்க ஆள் வேண்டிக்கொண்டே இருக்கும். ஆபீசில் ரத்ததான முகாமுக்கு லீவு போட்டு ஒதுங்குகிற நண்பர்கள் இந்த வரியை இரண்டு தடவை படிக்கலாம்.

அதற்கப்புறம் வருவதுதான் அபாயமான கட்டம். முடி முளைத்துவிடும். பிள்ளை தெருவில் பந்து விளையாடும். ‘அதான் சொகமாயிட்டுல்லா... நல்லாத்தானே ஓடியாடுதான்... இனி எதுக்கு மருந்து?’ கையில் இருந்த காசும் கரைந்திருக்கும். அடகுக்குப் போன நகை திரும்பியிருக்காது. பாதியில் நின்றுவிடுவார்கள். கண்ணுக்குத் தெரியாமல் மிச்சமிருக்கிற நோய் அணு இதற்காகவே காத்திருக்கும். திரும்பி வருகிற நோய் முதல் தடவைபோல மருந்துக்கு மடங்குவதில்லை. இந்தியாவில் பிழைப்போர் எண்ணிக்கையை இழுத்துப் பிடிக்கிற பெரிய காரணங்களில் இந்தப் ‘பாதியில் நிறுத்துவது’ ஒன்று.

இப்போது உங்கள் பக்கத்து சீட்

முழுசும் முடித்தவர்கள் என்ன ஆனார்கள்? நம்மைப்போல் வளர்ந்து, நம்மைப்போல் வேலைக்கு வந்துவிட்டார்கள்! ஆபீசில் உங்கள் பக்கத்து சீட்டில் பைல் புரட்டுகிறவர் ஏழு வயதில் மொட்டைத் தலையோடு வார்டில் கிடந்தவராக இருக்கலாம். அல்லது இதைப் படிக்கிற நீங்களே.

1970-லிருந்து 1986 வரை புற்றுநோய் கண்டு பிழைத்த பிள்ளைகளை அமெரிக்காவில் 1994-லிருந்து தொடர்ந்து விசாரித்து வருகிறார்கள். அதில் பத்தாயிரத்துச் சொச்சம் பேரின் கணக்கு 2006-ல் வெளியானது. சராசரி வயது 27-கூட இல்லை. நூற்றுக்கு 62 பேருக்கு ஏதாவது ஒரு நாட்பட்ட உபாதை. 27 பேருக்குக் கடுமையானது.

பயமுறுத்த எழுதவில்லை. அந்தக் காலச் சிகிச்சை இன்றையதைவிட முரட்டுத்தனமானது. ஆனால் அந்தக் காலத்தில் சிகிச்சை பெற்றவர்கள்தானே இன்றைக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள்? சிவப்பு நிறத்தில் ஏறுகிற டாக்ஸோரூபிசின் அதிக அளவில் போயிருந்தால் பல வருஷம் கழித்து இதயத்தின் தசை தளரலாம். எக்கோ எடுத்தால் மூச்சு வாங்குவதற்கு முன்பே தெரிந்துவிடும். கழுத்தில் கதிர்வீச்சு வாங்கியவருக்குத் தைராய்டு. சில மருந்துகள் அதிக அளவில் போனால் குழந்தைப் பேற்றில் சிக்கல். ரத்தச் சோதனைகள் இன்றைய அளவுக்கு இல்லாத வருஷங்களில் ரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள் மஞ்சள்காமாலை பி, சி இரண்டுக்கும் ஒருதரம் பார்த்துக்கொள்வது நல்லது.

தலைக்குக் கதிர்வீச்சு கொடுத்த பிள்ளைகள் கதை தனி. கணக்கு ஏறாது. எழுதுவது மெதுவாகும். சிலருக்கு உயரமும் நின்றுவிடும். வாத்தியார் ‘மண்டு’ என்பார். வீட்டில் ‘அடம்’ என்பார்கள். காரணம் பழைய சிகிச்சை என்று இரண்டு பேருக்குமே தெரிந்திருக்காது.

இந்தத் தழும்புகளை ஆஸ்பத்திரிகள் எண்ணி எழுதியதால்தான் ‘தலைக்குக் கதிர்வீச்சு இல்லாமல் முடியாதா?’ என்ற கேள்வி வந்தது. பிங்கெல் இருந்த அதே மெம்ஃபிஸ் ஆஸ்பத்திரி 2009-ல் பதில் சொன்னது: மருந்தைச் சரியாகக் கொடுத்தால் முடியும். இன்றைக்கு ரத்தப் புற்றுநோய்ப் பிள்ளைகளில் பெரும்பாலோர் தலைக்கு அது தேவையில்லாமலே தேறுகிறார்கள். முன்னால் பிழைத்தவர்கள் செக்கப்புக்குப் போய்த் தங்கள் குறையைச் சொன்னதால் பின்னால் வந்த பிள்ளைகளுக்குக் கிடைத்த லாபம் இது.

மும்பை டாட்டாவில் இப்படி ஜெயித்தவர்களுக்கென்றே 1991-ல் தனி கிளினிக் தொடங்கினார்கள். நம் ஊர்ப்பக்கம் பல வீடுகளில் நடப்பது வேறு. சிகிச்சை முடிந்ததும் தாயார் செய்கிற முதல் காரியம் ஃபைலை ஒளிப்பது. ‘நாளைக்கு ஒரு கல்யாணம் காட்சி வேண்டாமா? தரகன் காதுக்குப் போனா தீர்ந்துது!’ பெண் பிள்ளை என்றால் ஃபைல் அடுப்புக்கே போய்விடும். ரத்தப் புற்றுநோய் ஒட்டுவதும் இல்லை, பெரும்பாலும் வழிவழியாக வருவதும் இல்லை. அந்தச் சிகிச்சை பெற்றவர்களில் பெரும்பாலானோருக்குக் குழந்தைகளும் பிறக்கின்றன. இதையெல்லாம் தரகனுக்கு யார் சொல்வது?

அந்த ஃபைல் இல்லாமல் நெஞ்சு படபடக்கிறது என்று ஆசாரிப்பள்ளத்தில் போய் நின்றால், டாக்டர் உங்கள் 28 வயதைப் பார்ப்பார். ‘டென்ஷனைக் குறை தம்பி’ என்று ஒரு மாத்திரை எழுதுவார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அவருக்கு என்ன ஜோசியமா தெரியும்?

அதனால் வீட்டுப் பரணில் தேடுங்கள். கிடைக்காவிட்டால் சிகிச்சை பெற்ற ஆஸ்பத்திரிக்குப் பழைய ரிஜிஸ்தர் நம்பரோடு, அதுவும் இல்லையென்றால் பெயர், வருஷத்தோடு எழுதிக் கேளுங்கள். வேண்டியது ஒரே ஒரு தாள்: என்ன நோய், எந்த வருஷம், என்னென்ன மருந்து, டாக்ஸோரூபிசின் மொத்தம் எவ்வளவு, கதிர்வீச்சு எங்கே, எத்தனை, ரத்தம் ஏற்றினார்களா. அதில் நாலு ஜெராக்ஸ். ஒன்று பர்சில். சிகரெட் பிடிக்கிறவராக இருந்தால் அந்தத் தாளைப் பாக்கெட்டில் வைக்க இடம் போதாது. சிகரெட்டை எடுத்துவிடுங்கள்.

பயணச் செலவுக்கு ஒரு தகவல். புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போகிறவருக்கும் துணைக்குப் போகிற ஒருவருக்கும் ரயிலில் கட்டணச் சலுகை உண்டு. சிகிச்சைக்கு மட்டுமல்ல, மறுபரிசோதனைக்கும்தான். ஆஸ்பத்திரியில் உரிய படிவத்தில் கையெழுத்து வாங்கி, கோட்டாறு ஸ்டேஷன் கவுண்ட்டரில் நீட்ட வேண்டும். கவுண்ட்டர்க்காரர் ‘ஆளைப் பார்த்தா நல்லாத்தானே இருக்கீரு?’ என்று கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தால், ‘ஆமா சார், அதுக்குத்தான் போறேன்’ என்று சொல்லுங்கள்.