கடலில் மீன் எவ்வளவு இருக்கு? கப்பலில் போய் கணக்கெடுக்கும் விஞ்ஞானிகள்: எண்ணுவது எப்படி?

தூத்துக்குடி:

61 நாள் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் கடலுக்குப் போய்த் திரும்பும் முதல் வாரத்தில், துறைமுகத்தில் எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான். "பாடு எப்படி அண்ணாச்சி?"

பாடு நல்லா இருந்தா கடல்ல மீன் நிறைய இருக்கு என்பார்கள். பாடு இல்லேன்னா மீனே இல்லை என்பார்கள். ஆனா உண்மையிலேயே கடலுக்குள்ள எவ்வளவு மீன் இருக்குன்னு யாருக்குத் தெரியும்? ஆட்டு மந்தையா எண்ணுவதற்கு? தலைக்கு மேலே தண்ணி, அதுக்குள்ளே ஓடுகிற மீன்.

அதையும் எண்ணுகிறார்கள்! அதற்கென்றே கப்பல் இருக்கிறது, கருவி இருக்கிறது, கணக்கு இருக்கிறது. சுருக்குமடி வலைக்கு அனுமதி கொடுக்கலாமா, தடைக்காலம் எத்தனை நாள் வைக்கலாம் என்று கடலோர ஊர்களில் நடக்கிற சண்டை எல்லாம் கடைசியில் வந்து நிற்பது இந்தக் கணக்கில்தான்.

மேல்மட்ட மீன் எது?

கடல் மீனை இரண்டாகப் பிரிக்கிறார்கள். தரையை ஒட்டி வாழும் காரல், நவரை, இறால், நண்டு எல்லாம் அடிமட்டம். சாளை, நெத்திலி, காணாங்கெளுத்தி, வஞ்சிரம், சூரை, முரல் எல்லாம் மேல்மட்டத்தில் திரிபவை.

அடிமட்ட மீனை எண்ணுவது ஓரளவு சுலபம். இழுவலையை இத்தனை நேரம், இத்தனை வேகத்தில் இழுத்தால், வலை கூட்டி வந்த தரையின் பரப்பு தெரிந்துவிடும். அதில் கிடைத்த மீனை வைத்து மொத்தப் பகுதிக்கும் கணக்குப் போடலாம்.

மேல்மட்ட மீன் அப்படி இல்லை. கூட்டம் கூட்டமாகச் சேரும், ஒரே நாளில் இடம் மாறும். 20 கிலோமீட்டர் போனாலும் ஒரு மீன் இருக்காது. அடுத்த அரை கிலோமீட்டரில் டன் கணக்கில் கிடக்கும். இதை வலை போட்டு எண்ண நினைத்தால் லாட்டரிச் சீட்டு மாதிரிதான். வலை கூட்டத்தில் விழுந்தால் 'ஆகா', விழாவிட்டால் 'ஐயோ'.

சத்தத்தை அனுப்பி எண்ணும் வித்தை

அதனால்தான் எதிரொலிக் கருவி வந்தது. நம்ம விசைப்படகுகளிலேயே இருக்கும் எக்கோ சவுண்டர்தான். 1935-லேயே நார்வே நாட்டு விஞ்ஞானி ஆஸ்கர் சுண்ட், காட் மீன் கூட்டம் இந்தக் கருவியில் பதிவாவதைக் காட்டிவிட்டார். ஆய்வுக் கப்பலில் இருப்பது அதன் பெரிய அண்ணன்.

கப்பலின் அடிவயிற்றில் இருந்து கீழே ஒரு சத்தம் போகும். நம் காதுக்குக் கேட்காத சத்தம். மீன் மேல் பட்டுத் திரும்பி வரும். கடல் தண்ணீரில் சத்தம் வினாடிக்கு சுமார் 1,500 மீட்டர் ஓடும். அனுப்பிய சத்தம் 0.04 வினாடியில் திரும்பினால், போக 30 மீட்டர், வர 30 மீட்டர். ஆக மீன் கிடப்பது 30 மீட்டர் ஆழத்தில்.

சத்தத்தைத் திருப்பி அனுப்புவது மீனின் சதையோ செதிலோ இல்லை. பெரும்பங்கு வயிற்றுக்குள் இருக்கும் காற்றுப்பைதான். மீன் அறுக்கும்போது வெள்ளையாக பலூன் மாதிரி வருமே, அதுதான். சூரை வகைகளில் சிலவற்றுக்கு அந்தப் பையே கிடையாது. அவை கருவிக்குச் சரியாகச் சிக்காமல் டிமிக்கி கொடுக்கும்.

ஆழம் தெரிந்தால் போதுமா? எண்ணிக்கை வேண்டாமா? அதற்குத்தான் கணக்கு. ஒரே ஒரு சாளை எவ்வளவு எதிரொலி தரும் என்று முதலில் கண்டுபிடித்து வைத்துக்கொள்வார்கள். அதை 1 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கூட்டத்தில் இருந்து வரும் மொத்த எதிரொலி 10,000 என்றால், மீன் சுமார் 10,000. ஒரு மீன் 50 கிராம் என்றால் கூட்டத்தின் எடை 500 கிலோ. விஷயம் அவ்வளவுதான். ஆனால் இந்த 'அவ்வளவுதான்' என்பதற்குள் நிறைய சிக்கல் இருக்கிறது.

வயலில் ஏர் ஓட்டுகிற மாதிரி

கப்பல் இஷ்டத்துக்குப் போகக்கூடாது. மீன் இருக்கிற இடமாகப் பார்த்துப் போனால் கணக்கு எகிறிவிடும். அதனால் கரையில் இருந்து ஆழத்துக்கு ஒரு கோடு, கொஞ்ச தூரம் தள்ளி ஆழத்தில் இருந்து கரைக்கு ஒரு கோடு என்று வயலில் ஏர் ஓட்டுகிற மாதிரி போவார்கள். மீன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தக் கோட்டை விட்டு விலகக்கூடாது. மீனே இல்லாத இடத்தின் பூஜ்யமும் கணக்கில் சேரும்.

திரையில் தெரியும் திட்டு சாளையா, நெத்திலியா, ஜெல்லியா? கருவி பெயர் சொல்லாது. அதனால் இடையிடையே வலை இறக்குவார்கள். கிடைத்த மீனை இனம் பிரித்து, நீளம் அளந்து, எடை போட்டு, வயிற்றைக் கீறி சினை இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இந்த மாதிரி மீன் இல்லாமல் எதிரொலியை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு டன் கூட சொல்ல முடியாது.

கருவி சரியாகக் கேட்கிறதா என்று சோதிப்பதும் வேடிக்கையானது. மளிகைக் கடையில் தராசுக்கு படிக்கல் வைக்கிற மாதிரி, கப்பலுக்கு அடியில் நைலான் நூலில் ஒரு உலோக உருண்டையைத் தொங்கவிடுவார்கள். 60 மில்லிமீட்டர் செம்பு உருண்டை இதற்குப் பெயர் பெற்றது. அது எவ்வளவு எதிரொலி தரும் என்பது முன்கூட்டியே தெரியும். கருவி அதே எண்ணைக் காட்டினால் பாஸ்!

நம்ம கடலில் நடந்தது

இது எங்கோ வெளிநாட்டு சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். 1970-களில் ஐ.நா. உதவியுடன் கொச்சியை மையமாக வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. 'ராஸ்ட்ரெல்லிகர்', 'சார்டினெல்லா' என்று இரண்டு கப்பல்கள். முதல் பெயர் காணாங்கெளுத்தியின் விஞ்ஞானப் பெயர், இரண்டாவது சாளையுடையது! மராட்டியத்தின் ரத்னகிரி தொடங்கி குமரி முனையைச் சுற்றி மன்னார் வளைகுடா வரை இவை எதிரொலி எடுத்துக்கொண்டே வந்தன.

அதில் தெரிந்த முக்கியமான சேதி நெத்திலி பற்றியது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் கேரளக் கரை நெத்திலி தெற்கே நகர்ந்து குமரி முனை, மன்னார் வளைகுடா பக்கம் வந்து பெரும் கூட்டமாகச் சேர்கிறது, பிறகு வடக்கே திரும்புகிறது என்று தெரிந்தது. நெத்திலிக்கு மாநில எல்லை கிடையாது.

பிறகு 1984-ல் டென்மார்க்கில் கட்டப்பட்ட 'சாகர் சம்பதா' கப்பல் வந்தது. இந்தியாவின் மீன்வள, கடலியல் ஆய்வுக் கப்பல் இது. பக்கத்து இலங்கையைச் சுற்றி 1978 முதல் 1980 வரை நார்வேயின் 'நான்சென்' கப்பல் கணக்கெடுத்தது. 2018-ல் அதே பெயரில் வந்த புதிய கப்பல் மறுபடியும் கணக்கெடுத்தது.

ஆழ்கடல் சூரைக்கு வேறு வழி. இந்திய மீன்வள அளவைத் துறைக்கு சென்னையிலும் தளம் உண்டு. தூண்டில் கயிற்றில் 100 முள்ளுக்கு எத்தனை மீன் மாட்டியது என்பதுதான் அங்கே அளவுகோல். இந்தியப் பெருங்கடலில் 2005-க்குப் பிறகு சில ஆண்டுகளில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட சூரைகளைப் பிடித்து, முதுகில் அடையாளக் குச்சி செருகி மறுபடி கடலில் விட்டார்கள். குச்சியோடு மீனைத் திருப்பிக் கொடுத்தவர்களுக்குப் பரிசு. எங்கே விட்ட மீன் எங்கே மாட்டியது, எவ்வளவு வளர்ந்தது என்பது அதில் தெரிந்தது.

முட்டையை எண்ணும் முறையும் இருக்கிறது. சாளை, நெத்திலி முட்டைகள் தண்ணீரில் மிதக்கும். மெல்லிய வலையால் அள்ளி முட்டையை எண்ணி, ஒரு தாய்மீன் எத்தனை முட்டை இடும் என்று தெரிந்தால், அத்தனை முட்டைக்கு எத்தனை தாய் என்று பின்னோக்கிக் கணக்குப் போடலாம். சாளை முட்டை ஒரு நாளுக்குள் பொரிந்துவிடும் என்பதால் கப்பல் சரியான நேரத்தில் அங்கே இருக்க வேண்டும்.

கரைக் கணக்கு ஏன் போதாது?

இவ்வளவு செலவு எதுக்கு, துறைமுகத்தில் வந்து இறங்கும் மீனை எண்ணினால் போதாதா என்று கேட்கலாம். அந்த வேலையும் நடக்கிறது. 1947-ல் தொடங்கப்பட்டு, 1971 வரை நம்ம மண்டபத்தைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம்தான் இதைச் செய்கிறது. தினமும் எல்லா இடத்துக்கும் ஆள் அனுப்ப முடியாது. அதனால் இறங்குதளங்களையும் நாட்களையும் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, அங்கே வரும் படகுகளில் சிலவற்றின் மீனை எடுத்து மொத்தத்துக்கும் கணக்கிடுகிறார்கள். 2022-ல் 7.22 லட்சம் டன்னுடன் தமிழகம் நாட்டிலேயே முதலிடம் என்று சொன்னது இந்தக் கணக்குதான்.

ஆனால் இறங்கிய மீன் வேறு, இருக்கிற மீன் வேறு. இங்கேதான் மேல்மட்ட மீன் எல்லோரையும் ஏமாற்றும்.

ஒரு உதாரணம். கடலில் 100 சாளைக் கூட்டம் இருக்கிறது. கருவி வைத்திருக்கும் படகு ஒரு நாளில் ஒரு கூட்டத்தைத் தேடிப் பிடித்து 5 டன் கொண்டு வருகிறது. அடுத்த வருஷம் கூட்டம் 50 ஆகிவிட்டது. அப்போதும் அந்தப் படகு ஒரு கூட்டத்தைக் கண்டுபிடித்துவிடும். கொஞ்சம் கூடுதல் நேரம் தேடும், கூடுதல் டீசல் எரியும். ஆனால் கரையில் இறங்குவது அதே 5 டன்! பேப்பரில் எல்லாம் நலம். கடலில் பாதி காலி. மீன் குறையக் குறைய மிச்சம் இருப்பவை சேர்ந்தே நிற்பதால், கடைசிக் கூட்டம் வரைக்கும் பாடு நல்லாத்தான் இருக்கும்.

பெரு நாட்டில் இந்த மாதிரித்தான் அடி விழுந்தது. அங்கே 1970-ல் சுமார் 1.2 கோடி டன் நெத்திலி வகை மீன் பிடித்தார்கள். உலகிலேயே பெரிய மீன்பிடி அது. 1972-ல் எல் நினோ வெப்பநீர் வந்தது. அளவுக்கு மீறிப் பிடித்ததும் சேர, 1973-ல் 20 லட்சம் டன்னுக்கும் கீழே போய்விட்டது. சூடுபட்ட பூனை என்பார்களே, அதன்பிறகு அங்கே ஆய்வுக் கப்பல் கடலுக்குப் போய் எதிரொலிக் கணக்கு எடுத்த பிறகுதான் சீசனுக்கு எத்தனை டன் என்று அறிவிப்பார்கள். 2023-ல் குஞ்சு மீன் அதிகம் என்று தெரிந்ததும் முதல் சீசனையே ரத்து செய்துவிட்டார்கள்.

பக்கத்தில் கேரளாவைப் பாருங்கள். அங்கே மத்தி என்கிற பேச்சாளை 2012-ல் ஏறத்தாழ 4 லட்சம் டன் இறங்கியது. 2021-ல் வெறும் 3,297 டன். நூற்றில் ஒரு பங்கு கூட இல்லை! 2023-ல் மறுபடியும் லட்சம் டன்னைத் தாண்டியது. கடல் சூடு, மழை, குஞ்சு பிடித்தது என்று காரணம் பல சொல்கிறார்கள். 10 சென்டிமீட்டருக்குக் குறைவான மத்தியைப் பிடிக்கக்கூடாது என்று கேரளா 2015-ல் தடை போட்டது. இதே பேச்சாளை 1980-களின் நடுப்பகுதி வரை தமிழகக் கரையில் அபூர்வமாக இருந்து, பிறகு நம்ம பக்கம் பெருகியது என்பது குறிப்பிடத்தக்கது.

செயற்கைக்கோள் சொல்லாதா?

ஐதராபாத்தில் உள்ள இந்திய தேசிய கடல்சார் தகவல் சேவை மையம், மீன் கிடைக்க வாய்ப்புள்ள இடம் எது என்று அறிவிக்கிறதே, அது போதாதா என்று சிலர் நினைக்கிறார்கள். அது வேறு. செயற்கைக்கோள் மீனைப் பார்ப்பதில்லை. கடல் மேற்பரப்பின் சூட்டையும் பச்சை நிறத்தையும் பார்த்து, இரை எங்கே சேரும் என்று சொல்கிறது. இந்தத் திசையில், இத்தனை கிலோமீட்டரில், இத்தனை ஆழத்தில் தேடிப்பார் என்று சொல்லும். எத்தனை டன் என்று சொல்லாது. மேகம் மூடினால் அதுவும் இல்லை.

கப்பலுக்கும் தெரியாதது

எதிரொலிக் கப்பல் மட்டும் என்ன கடவுளா? கருவி கப்பலுக்கு அடியில் இருப்பதால், அதற்கு மேலே முதல் சில மீட்டர் தண்ணீரில் இருக்கும் மீன் தெரியவே தெரியாது. சாளை மேலே மிதந்து வரும் நேரத்தில் கப்பல் போனால் கணக்கு தப்பு. என்ஜின் சத்தத்துக்குப் பயந்து மீன் ஒதுங்கி ஓடுவதும் உண்டு. பகலில் கூட்டமாக நிற்பது ராத்திரியில் சிதறிவிடும்.

எல்லாவற்றையும் விட நமக்குப் பெரிய தொல்லை ஆழம். பெரிய கப்பல் கரையை ஒட்டி வர முடியாது. பாக் நீரிணைப் பக்கம் நினைத்தே பார்க்க வேண்டாம். நாட்டுப்படகுக்காரர்கள் சாளையும் நெத்திலியும் பிடிப்பது அந்த ஆழம் குறைந்த தண்ணீரில்தான். அதனால் ஆய்வில் வரும் எண் 'இத்தனை டன்' என்று ஒற்றையாக வருவதில்லை. இதில் இருந்து இதற்குள் என்றுதான் வரும். கூட்டத்தில் பேசுபவர்கள் அவரவருக்கு வசதியான ஓரத்தை எடுத்துக்கொள்வது நடக்கிற விஷயம்.

சுருக்குமடி சண்டையில் இதைப் பார்க்கலாம். மேல்மட்டக் கூட்டத்தை வளைத்து அடியில் கயிற்றைச் சுருக்கிப் பிடிக்கும் இந்த வலையைத் தமிழக அரசு 2000-ல் தடை செய்தது. 2023 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு, 12 கடல் மைலுக்கு அப்பால் திங்கள், வியாழன் இரண்டு நாள் மட்டும், காலை 8 மணி முதல் மாலை 6 மணி வரை என்று நிபந்தனையுடன் இடைக்கால அனுமதி கொடுத்தது. ஓடி வரும் மீன் வீணாகத்தான் போகுது என்பது ஒரு தரப்பு. மொத்தமா அள்ளிட்டா நாங்க என்ன செய்ய என்பது நாட்டுப்படகு தரப்பு. 12 மைலுக்கு அப்பால் எத்தனை கூட்டம் இருக்கிறது, அதில் எவ்வளவு அள்ளினால் அடுத்த வருஷம் கரைக்கு வரும் என்பது தெரிந்தால் பாதிச் சண்டை தீரும்.

கப்பல் எப்போதாவது வரும். கரையில் ஏலக்கூடத்துப் பக்கம் நோட்டும் பேனாவுமாக நிற்கும் கணக்கெடுப்பு ஊழியர் அடிக்கடி வருவார். எத்தனை மணிக்குப் போனீங்க, எத்தனை பாகம் ஆழம், எத்தனை தடவை வலை போட்டீங்க, மீன் தேட எவ்வளவு நேரம் ஆச்சு என்று கேட்பார். வேலை நேரத்தில் இது தொந்தரவாகத்தான் தெரியும். சிலர் வாய்க்கு வந்ததைச் சொல்லி அனுப்புகிறார்கள். மேலே சொன்ன உதாரணத்தில் 100 கூட்டம் 50 ஆனதைக் கரையில் இருந்தே காட்டிக்கொடுக்கக்கூடியது, அந்தக் கடைசிக் கேள்விக்கான பதில் மட்டும்தான்.