வீடு தேடி வரும் செவிலியர் வாகனத்தை எங்கே நிறுத்துவது? டெல்லி விதிகள் கூறுவது என்ன?

புதுடெல்லி: படுக்கையில் இருக்கும் முதியவருக்குக் கட்டு மாற்றும் செவிலியர், பக்கவாதத்திலிருந்து மீள்பவருக்குப் பயிற்சி அளிக்கும் இயன்முறை மருத்துவர் ஆகியோர் ஒரு வீட்டில் ஒரு மணி நேரம் மட்டுமே இருப்பர். அடுத்த நோயாளி காத்திருப்பார். வாகனம் நிறுத்த இடம் தேடிக் கழியும் நேரம், நோயாளிக்குரிய நேரத்திலிருந்தே குறைகிறது.

2019 விதிகள்

டெல்லி அரசு 2019 செப்டம்பரில் வாகன நிறுத்துமிடப் பராமரிப்பு மற்றும் மேலாண்மை விதிகளை அறிவித்தது. இவற்றின்படி, உள்ளாட்சி அமைப்புகள் ஒவ்வொரு பகுதிக்கும் வாகன நிறுத்தத் திட்டம் வகுக்க வேண்டும். குடியிருப்போர் நலச் சங்கங்களின் கருத்தையும் கேட்க வேண்டும். லஜ்பத் நகர்-3 பகுதியில் இது முன்னோடித் திட்டமாக மேற்கொள்ளப்பட்டது.

ஆம்புலன்ஸ், தீயணைப்பு வாகனங்கள் தடையின்றிச் செல்ல வழிவிட வேண்டும் என்றும் விதிகள் வலியுறுத்துகின்றன. ஆனால் வீட்டுப் பராமரிப்புப் பணியாளருக்கெனத் தனி அனுமதிச் சீட்டு எதுவும் இவற்றில் இல்லை. அவர் அப்பகுதியில் குடியிருப்பவர் அல்ல. அவரது ஸ்கூட்டர் அவசரகால வாகனமும் அல்ல.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-இன் 41-வது பிரிவு பேருந்து, ரயில், விமான நிலையங்களில் வாகன நிறுத்த வசதியைக் குறிப்பிடுகிறது. வீட்டு வாசலில் உள்ள தெருவைப் பற்றி அப்பிரிவு பேசவில்லை.

சங்க ஸ்டிக்கர் போதுமா?

நலச் சங்கம் வழங்கும் ஸ்டிக்கர், குடியிருப்பின் நுழைவாயிலைக் கடக்க உதவும் அடையாளம் மட்டுமே. பொதுச் சாலையில் நிறுத்துவதற்கான சட்டப்பூர்வ அனுமதி அல்ல. விதியை மீறி நிறுத்தினால், 2019 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்தின்படி முதல் முறை 500 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். வாகனம் இழுத்துச் செல்லப்படவும் கூடும். குடியிருப்புப் பகுதி நடைபாதைகளில் வாகனம் நிறுத்தக் கூடாது என உச்ச நீதிமன்றமும் 2019-இல் உத்தரவிட்டுள்ளது.

பிரிட்டனில் எப்படி?

லண்டனில், நோயாளியின் வீட்டிற்கு அவசரமாகச் செல்லும் மருத்துவர், செவிலியர், மகப்பேறு செவிலியர் ஆகியோருக்குத் தனி அட்டை வழங்கப்படுகிறது. அன்றாடப் பராமரிப்புக்குப் பல உள்ளாட்சி அமைப்புகள் வேறு அனுமதிச் சீட்டு தருகின்றன. சில இடங்களில் இது பராமரிப்பு பெறுபவரின் பெயரிலேயே வழங்கப்படுகிறது. இதனால் பணியாளர் மாறினாலும் சீட்டு பயன்படும்.

டெல்லியில் என்ன வழி?

புதிய சட்டம் வரும் வரை காத்திருக்கத் தேவையில்லை. பகுதித் திட்டம் குறித்துக் கருத்து கேட்கப்படும்போதே, நோயாளிகள் உள்ள தெருக்களில் குறுகிய நேரம் நிறுத்த இடம் ஒதுக்குமாறு நலச் சங்கம் வழியாகக் குடும்பத்தினர் கோரலாம். மருத்துவச் சான்றுடன் எழுத்துமூலம் கோருவது நல்லது. அதுவரை, தங்களுக்குரிய இடத்தை அந்த ஒரு மணி நேரம் பணியாளருக்கு விட்டுக்கொடுக்குமாறு அண்டை வீட்டாரிடம் கேட்பதே நடைமுறை வழி.