களைகட்டலும் களைக்கொல்லியும்

நுழையும்முன்

பயிரோடு களையும் முளைப்பது இயற்கை. அக்களையைக் கையால் பறிப்பதா, மருந்து தெளித்து அழிப்பதா என்னும் வினா உழவர்க்கு மட்டும் உரியதன்று. வீட்டுத்தோட்டமும் பள்ளித்தோட்டமும் வளர்ப்போர் அனைவர்க்கும் அது உரியது. உலக நாடுகள் இதற்கு வெவ்வேறு விடைகளைக் கண்டுள்ளன. அவற்றோடு, வங்கக் கடலிலுள்ள ஒரு சிறு தீவு கண்ட விடையையும் இப்பாடம் விளக்குகிறது.

சோலைகள் சூழ்ந்த தீவு

அந்தமான் நிக்கோபார் ஒன்றியப் பகுதியில், நிக்கோபார் மாவட்டத்தின் தலைமையிடமாக விளங்குவது கார் நிக்கோபார். ஏறத்தாழ 127 சதுர கி.மீ. பரப்புடைய இத்தீவு, பவளப்பாறையின்மேல் அமைந்த சமவெளி ஆகும். நிக்கோபார்த் தீவுகளைப் பழந்தமிழர் நக்கவாரம் என்று அழைத்தனர். 11-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த முதலாம் இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி, அந்நாட்டைத் தேன் மிகுந்த மலர்ச்சோலைகளை உடையது எனப் போற்றுகிறது.

இன்றும் தென்னந்தோப்புகளே இத்தீவின் செல்வம். தென்னையோடு பாக்கு, வாழை, கிழங்கு வகைகள் முதலியன பயிராகின்றன. நிலம் தனியொருவருக்கு உரியதாக இல்லாமல், 'துஹேத்' எனப்படும் கூட்டுக் குடும்பத்திற்கு உரியதாக இருப்பது நிக்கோபாரி மக்களின் வழக்கம்.

2021-ஆம் ஆண்டு இந்திய அரசு, கார் நிக்கோபாரிலும் நான்கௌரித் தீவுக்கூட்டத்திலும் உள்ள 14,491 ஹெக்டேர் நிலத்திற்கு இயற்கை வேளாண்மைச் சான்றிதழ் வழங்கியது. 'பெரும்பரப்புச் சான்றளிப்பு' என்னும் திட்டத்தின்கீழ் இச்சிறப்பைப் பெற்ற முதல் நிலப்பரப்பு இதுவே. இரசாயன இடுபொருள்களைப் பயன்படுத்திய நிலம் இத்தகைய சான்றிதழைப் பெற, பொதுவாக இரண்டு முதல் மூன்று ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். இத்தீவுகளின் நிலமோ வழிவழியாக இரசாயனம் படாதது. ஆகவே அக்காத்திருப்பு தேவைப்படவில்லை. இரசாயன இடுபொருள்களின் விற்பனையும் பயன்பாடும் இங்குக் கட்டுப்படுத்தப்பட்டுள்ளன. அக்கட்டுப்பாட்டில் களைக்கொல்லியும் அடங்கும்.

களையும் அதனைக் கொல்லும் மருந்தும்

வேண்டாத இடத்தில் முளைக்கும் செடியே களை. மருத்துவர்க்கு மருந்தாகும் கீழாநெல்லியும் அறுகும் பாத்தியில் முளைத்தால் களையாகின்றன. பயிருக்கு உரிய நீர், உரம், ஒளி ஆகியவற்றைக் களை பங்கிட்டுக்கொள்வதால் விளைச்சல் குறைகிறது. திருக்குறளின் உழவு அதிகாரமும் உழுதல், எருவிடுதல், நீர்பாய்ச்சுதல், காத்தல் ஆகியவற்றோடு களைகட்டலையும் உழவரின் கடமையாகக் கூறுகிறது.

களைகட்டல் எளிய வேலையன்று. குனிந்த முதுகு நிமிராமல் நாள்முழுதும் செய்யவேண்டிய அப்பணியைப் பெரும்பாலும் பெண்களே செய்துவந்தனர். வேலைக்கு ஆள் கிடைப்பது அரிதாகி, கூலியும் உயர்ந்தபோது, களைக்கொல்லி உழவர்க்கு உற்ற துணையாகத் தோன்றியது. அவற்றுள் உலகில் மிகுதியாகப் பயன்படுவது கிளைபோசேட். 1974-ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்த இம்மருந்து, தாவரங்கள் தமக்கு வேண்டிய சில அமினோ அமிலங்களை உருவாக்கும் வழியை அடைத்துவிடுகிறது. இலையில் பட்ட மருந்து வேர்வரை சென்று செடியை அழிக்கிறது. அத்தகைய வழி மனித உடலில் இல்லை. எனவே இம்மருந்து மனிதர்க்குத் தீங்கற்றது என்று பலர் கருதினர்.

ஆயினும் அவ்வழி தாவரங்களில் மட்டுமன்றிப் பல நுண்ணுயிரிகளிலும் உண்டு. தேனீயின் குடலில் வாழும் நன்மை செய்யும் நுண்ணுயிரிகளைக் கிளைபோசேட் குறைக்கிறது என்பதை டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-ஆம் ஆண்டு எடுத்துக்காட்டினர். மேலும், மருந்து இலையில் ஒட்டுவதற்காகச் சேர்க்கப்படும் துணைப்பொருள்களுள் சில, தவளை, மீன் முதலிய நீர்வாழ் உயிர்களுக்கு மருந்தைவிட மிகுந்த நஞ்சாகின்றன.

இருவேறு முடிவுகள்

2015-ஆம் ஆண்டு மார்ச்சில், உலக நலவாழ்வு அமைப்பைச் சேர்ந்த பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, கிளைபோசேட்டை 'அநேகமாக மனிதர்க்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது' என்னும் பிரிவில் சேர்த்தது. அதே ஆண்டு நவம்பரில் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம், அது புற்றுநோய் உண்டாக்க வாய்ப்பில்லை என்று கூறியது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையும் இவ்வாறே கூறியது. அறிஞர்கள் இவ்வாறு மாறுபடுவது ஏன்?

தீங்கியல்பு வேறு, இடர்வாய்ப்பு வேறு. கிணறு ஆழமானது என்பது அதன் தீங்கியல்பு. கைப்பிடிச் சுவர் இல்லாத கிணற்றின் அருகே குழந்தை விளையாடுவது இடர்வாய்ப்பு. புற்றுநோய் ஆய்வு முகமை தீங்கியல்பை மட்டுமே ஆராய்ந்தது. அதே பிரிவில் அது சிவப்பு இறைச்சியையும் சேர்த்துள்ளது. பிற அமைப்புகளோ, உணவின் வழியாகவும் பணியின்போதும் ஒருவர் உடலுக்குள் எவ்வளவு மருந்து செல்லக்கூடும் என்று கணக்கிட்டு, இடர்வாய்ப்பை மதிப்பிட்டன. இரு தரப்பும் ஆராய்ந்த சான்றுகளும் முற்றிலும் ஒன்றல்ல. ஆகவே முடிவுகள் மாறுபட்டன.

எல்லாக் களைக்கொல்லியும் ஒரே தன்மையுடையதன்று என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது. பாராகுவாட் என்னும் மருந்து சிறிதளவு உட்சென்றாலும் நுரையீரலைச் சிதைக்கும். அதற்கு முறிமருந்து இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2007-ஆம் ஆண்டு முதல் அதனை விலக்கியுள்ளது.

தோட்டம் வயலன்று

பயிற்சி பெற்ற பணியாளர் கையுறையும் முகமூடியும் அணிந்து, அளவறிந்து வயலில் மருந்து தெளிப்பது ஒரு நிலை. வீட்டுத்தோட்டத்தில் நிகழ்வது வேறு. அங்கே அளவு குறிப்பாக அறியப்படுவதில்லை. கையுறை அணிவோரும் சிலரே. தெளித்த இடத்திலேயே குழந்தைகள் விளையாடுவர், கோழிகள் மேயும், கீரை பறிக்கப்படும். மருந்து ஒன்றே ஆயினும் இடர்வாய்ப்பு மிகுகிறது.

இவ்வேறுபாட்டைச் சில நாடுகளின் சட்டங்கள் ஏற்றுக்கொண்டன. பிரான்சு நாட்டில் 2019-ஆம் ஆண்டு தொடக்கம் முதல் வீட்டுத்தோட்டக்காரர்களுக்கு இரசாயனக் களைக்கொல்லிகளை விற்பது தடைசெய்யப்பட்டது. ஆனால் ஐரோப்பிய ஒன்றியம் கிளைபோசேட்டுக்கான பொது இசைவை 2023-ஆம் ஆண்டு மேலும் 10 ஆண்டுகளுக்கு நீட்டித்தது. இந்தியாவில் பஞ்சாப், கேரளம் ஆகிய மாநிலங்கள் 2018, 2019-ஆம் ஆண்டுகளில் இதன் விற்பனையைத் தடுத்தன. 2022-ஆம் ஆண்டு அக்டோபரில் இந்திய அரசு, உரிமம் பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டாளர் வழியாக மட்டுமே இதனைப் பயன்படுத்தலாம் என்று ஆணை வெளியிட்டது. உற்பத்தியாளர்கள் அவ்வாணையை எதிர்த்தனர்.

அமெரிக்காவில், பள்ளி வளாகங்களில் களைக்கொல்லி தெளித்துவந்த பணியாளர் ஒருவர் தம் புற்றுநோய்க்கு அம்மருந்தே காரணம் என வழக்குத் தொடுத்தார். 2018-ஆம் ஆண்டு அவர் வெற்றி பெற்றார். மேல்முறையீட்டில் இழப்பீட்டுத் தொகை குறைந்தது, தீர்ப்பு நிலைத்தது. மருந்து பாதுகாப்பானதே என்று அதன் உற்பத்தி நிறுவனம் இன்றும் கூறிவருகிறது.

மண்ணும் நீரும்

களைக்கொல்லியின் விளைவு அது விழும் மண்ணையும் பொறுத்தது. களிமண் கிளைபோசேட்டை இறுகப் பற்றிக்கொள்ளும். மணற்பாங்கான மண்ணில் அப்பற்று தளரும். அட்ரசின் போன்ற வேறு சில மருந்துகள் நீரோடு எளிதில் கீழிறங்கும். நிலத்தடி நீரில் கலந்தமையாலேயே ஐரோப்பிய ஒன்றியம் 2004-ஆம் ஆண்டு அட்ரசினை விலக்கியது.

கார் நிக்கோபாரின் நிலத்தடி நீர் மிக மென்மையான சமநிலையில் உள்ளது. மழைநீர், நுண்துளைகள் மிகுந்த பவளச் சுண்ணாம்புப் பாறையின் வழியே இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் மெல்லிய நன்னீர்ப் படலமாக மிதக்கிறது. கிணறுகளுக்கு அதுவே ஊற்று. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26 அன்று வந்த ஆழிப்பேரலை, தோப்புகளை அழித்ததோடு கிணறுகளையும் உவராக்கியது. நிலத்தின்மேல் விழுவது எதுவாயினும் கிணற்றை எட்டுவதற்கு நெடுந்தொலைவு இல்லாத தீவில், மாசு கலந்தபின் நீக்குவதைவிடக் கலவாமல் காப்பதே எளிது. அறிஞரின் கருத்து வேறுபாடு தீரும்வரை காத்திராமல் இத்தீவுக்கு உரிய விடையைக் காண, இக்காரணம் ஒன்றே போதும்.

தடை மட்டும் போதுமா?

இலங்கையின் பட்டறிவு மற்றொரு பக்கத்தைக் காட்டுகிறது. அந்நாட்டின் உலர்வலய உழவரிடையே பரவிய சிறுநீரக நோய்க்குக் கிளைபோசேட் காரணமாகலாம் என்னும் ஐயத்தால், 2015-ஆம் ஆண்டு அது தடைசெய்யப்பட்டது. அந்நோயின் காரணம் குறித்த ஆய்வு முடிவடையாத நிலையில், களை மிகுந்து இடருற்ற தேயிலைத் தோட்டத்தார் தடையை எதிர்த்தனர். 2018-ஆம் ஆண்டு தேயிலைக்கும் இரப்பருக்கும் தடை தளர்த்தப்பட்டது. 2021-ஆம் ஆண்டு இரசாயன உரமும் மருந்தும் ஒருசேரத் தடுக்கப்பட்டன. விளைச்சல் வீழ்ந்தது, சில மாதங்களிலேயே அத்தடை விலக்கப்பட்டது.

மருந்தை நம்பிப் பழகிய நிலத்தில் மாற்றுவழி காட்டாமல் விதிக்கும் தடை உழவரையே வருத்தும் என்பதை இது உணர்த்துகிறது. கார் நிக்கோபாரில் மருந்தில்லாத வேளாண்மை முன்பே வழக்கில் இருந்தது. சான்றிதழ் அவ்வழக்கத்திற்குக் காவலாயிற்று. இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாடு இதுவே.

மருந்தின்றிக் களைகட்டும் வழிகள்

களை பூத்து விதை உதிர்க்கும் முன்னரே அதனை நீக்குதல் வேண்டும். மழை பெய்து மண் நெகிழ்ந்திருக்கும்போது வேரோடு பறித்தல் எளிது. பாத்திகளின்மேல் தென்னை ஓலை, மட்டை, சருகு ஆகியவற்றை மூடாக்காகப் பரப்பினால், ஒளி கிடைக்காமல் களைவிதைகள் முளைப்பது குறையும், ஈரமும் காக்கப்படும். தென்னைமர இடைவெளியில் கலப்பகோனியம், சணப்பு போன்ற பயறுவகைச் செடிகளை வளர்த்தால், அவை நிலத்தை மூடிக் களையை அடக்குவதோடு மண்ணிற்குத் தழைச்சத்தும் சேர்க்கும். இவற்றுக்கு உழைப்பு வேண்டும். அவ்வுழைப்பைப் பலர் பகிர்ந்துகொண்டால் சுமை குறையும்.

வீட்டுத்தோட்டத்தின் பரப்பு சிறிது. அங்கு முளைக்கும் களையும் சிறிது. ஒரு மாலைப்பொழுதில் கையால் முடியும் வேலைக்கு, குடிநீரையும் குழந்தையையும் இடருக்கு உள்ளாக்கக்கூடிய மருந்து தேவையா என்பதே ஒவ்வொரு தோட்டக்காரரும் முதலில் கேட்கவேண்டிய வினா ஆகும்.

அருஞ்சொற்பொருள்

களைகட்டல் – களை பறித்தல்
மெய்க்கீர்த்தி – அரசரின் புகழைக் கூறும் கல்வெட்டுப் பகுதி
மூடாக்கு – மண்ணை மூடுமாறு பரப்பும் ஓலை, சருகு முதலியன
உவர்நீர் – உப்புத்தன்மையுடைய நீர்
பட்டறிவு – அனுபவம்

சிந்தித்து விடை எழுதுக

1. தீங்கியல்பு, இடர்வாய்ப்பு ஆகியவற்றின் வேறுபாட்டை வேறோர் எடுத்துக்காட்டுடன் விளக்குக.
2. கார் நிக்கோபாரின் நிலத்தடி நீர் எளிதில் மாசடையக்கூடியது ஏன்?
3. இலங்கையின் தடைக்கும் கார் நிக்கோபாரின் கட்டுப்பாட்டிற்கும் உள்ள வேறுபாடு யாது?
4. 'பள்ளித்தோட்டத்தில் களைக்கொல்லி தேவை', 'தேவையில்லை' என இரு குழுக்களாகப் பிரிந்து வகுப்பில் சொற்போர் நிகழ்த்துக.