நிலக்கரி ஊர்களின் கூடைப்பந்து

இன்னார்தாம் கண்டுபிடித்தார், இன்ன ஊரில்தான் பிறந்தது என்று திட்டமாகக் கூறத்தக்க விளையாட்டுக்கள் உலகில் மிகச் சிலவே. கூடைப்பந்து அவற்றுள் ஒன்று. 1891-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்டு நகரில், ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர், குளிர்காலத்தில் மாணவர்கள் கூடத்திற்குள்ளேயே ஆடுவதற்கென்று, பீச் பழக்கூடைகள் இரண்டை உயரத்தில் மாட்டி இவ்வாட்டத்தை அமைத்தார். ஸ்பிரிங்பீல்டில் பயின்ற ஹாரி பக் என்பவரே பின்னர் 1920-இல் சென்னையில் ஒய்.எம்.ஸி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியை நிறுவினார் என்பதும் இங்கு நினைவுகூரத்தக்கது.

ஆட்டம் பரவிய கதை பலரும் அறிந்ததே. அதை ஆடியே பிழைக்க முற்பட்டவர்களின் கதையை அறிந்தவர் சிலர். நம் நாட்டில் நல்ல கூடைப்பந்து ஆட்டக்காரருக்கு ரயில்வேயிலோ வங்கியிலோ ஓர் உத்தியோகம் கிடைக்கும். பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலையிலும், இந்தியன் ஓவர்ஸீஸ் வங்கியிலும் அவ்வாறு வேலை பெற்றவர் பலர். வெளி மாநிலங்களில் ரயில்வே குடியிருப்புக்களில் வாழும் நேயர்கள் இந்த ஏற்பாட்டை அருகிலிருந்தே கண்டிருப்பர். ஆட்டம் ஓய்ந்த பின்பும் மாதச் சம்பளம் வரும். அமெரிக்காவின் தொழில்முறை லீக்குகளில் அவ்வித ஏற்பாடு இல்லை. அவற்றின் தொடக்க காலத்தில் பெரும்பாலும் டிக்கட் விற்ற பணமே ஆட்டக்காரரின் ஊதியமாக இருந்தது. அத்தகைய ஒரு லீக் அறுபது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து மறைந்த வரலாற்றையே இங்கு கூற விரும்புகிறோம்.

பென்ஸில்வேனியாவின் வடகிழக்குப் பகுதி, ஆந்த்ரஸைட் என்னும் கெட்டியான உயர்தர நிலக்கரி விளையும் பூமி. வில்க்ஸ்-பாரி, ஹேஸல்டன், ஸ்கிராண்டன் ஆகிய ஊர்கள் அக்கரியால் வளர்ந்தவை. ஐரோப்பாவின் பல தேசங்களிலிருந்து பிழைப்பைத் தேடி வந்து குடியேறிய தொழிலாளர் அங்கு நிறைந்திருந்தனர். 1946-ஆம் ஆண்டு ஏப்ரலில் ஹேஸல்டனில் கூடிய சிலர், ஆறு கோஷ்டிகளைக் கொண்ட 'ஈஸ்டர்ன்' கூடைப்பந்து லீக்கைத் தொடங்கினர். இன்று உலகப் புகழ் பெற்று விளங்கும் தேசிய கூடைப்பந்து சங்கமாகிய என்.பி.ஏ.வின் மூல அமைப்பு தோன்றியது அதே ஆண்டு ஜூன் மாதத்தில். எனவே சிறிய லீக்கே பெரியதற்குச் சில வாரங்கள் மூத்தது!

ஆட்டங்கள் பெரும்பாலும் சனி, ஞாயிறுகளில் நடந்தன. வாரத்தின் மற்ற நாட்களில் ஆட்டக்காரர்கள் பள்ளி ஆசிரியராகவோ, அலுவலக ஊழியராகவோ வேலை பார்த்தனர். சனிக்கிழமை வந்ததும் நியூயார்க்கிலிருந்தும் பிலடெல்பியாவிலிருந்தும் நால்வர் ஐவராக ஒரே மோட்டார் காரில் நெருக்கி அமர்ந்து, பனி மூடிய மலைச்சாலைகளில் பயணம் செய்து, பள்ளிக்கூட மண்டபம் போன்ற சிறு அரங்குகளில் ஆடிவிட்டு இரவோடிரவாக வீடு திரும்பினர். கிடைத்த ஊதியம் ஆட்டத்திற்குச் சில பத்து டாலர்களே.

அவ்வளவு சொற்பமான ஊதியத்திற்குத் திறமையுள்ளோர் வந்ததற்குக் காரணம், பெரிய லீக்கின் கதவு மிகக் குறுகலாக இருந்ததுதான். 1950-களின் நடுவில் என்.பி.ஏ.வில் இருந்தவை எட்டே கோஷ்டிகள்; ஒவ்வொன்றிலும் பத்துப் பேரளவில் ஆட்டக்காரர். நாடு முழுவதற்குமே நூறு இடங்கள் இல்லை. 1950-ஆம் ஆண்டு வரை என்.பி.ஏ.வில் கறுப்பு இனத்தவர் எவரும் ஆடவில்லை. அதன் பின்னரும் ஒரு கோஷ்டியில் இன்னின்ன எண்ணிக்கைக்கு மேல் அவர்களைச் சேர்ப்பதில்லை என்ற எழுதப்படாத விதி சில காலம் நிலவியது. நிலக்கரி ஊர்களின் லீக்கிலோ, முதற் பருவத்திலேயே கறுப்பு ஆட்டக்காரர்கள் ஹேஸல்டன் கோஷ்டியில் இடம் பெற்றனர். 1955-56 பருவத்தில் அவ்வூரின் 'ஹாக்ஸ்' கோஷ்டி, தொடக்கத்தில் களம் இறங்கும் ஐவரையும் கறுப்பு இனத்தவராகவே நிறுத்தியது. என்.பி.ஏ.வில் அத்தகைய ஐவர் ஒருங்கே களத்தில் நின்றது 1964 டிசம்பரில்தான். இதைப் பெரும் சீர்திருத்தமென்று எவரும் அப்போது முழங்கியதாகத் தெரியவில்லை. வெற்றி வேண்டியிருந்தது, வெல்லக் கூடியவர்கள் வெளியே நின்றிருந்தனர். அவ்வளவே என்று நாம் கொள்ளலாம்.

அந்த ஐவரில் இருவரைப் பற்றித் தனியே கூற வேண்டும். 1951-இல் நியூயார்க் கல்லூரிக் கூடைப்பந்தை ஒரு பெரும் ஊழல் உலுக்கியது. ஒரு கோஷ்டி எத்தனை புள்ளி வித்தியாசத்தில் வெல்லும் என்பதன் மீது பந்தயம் கட்டும் வழக்கம் அங்கு உண்டு. சூதாட்டத் தரகர்கள் மாணவர்களுக்குப் பணம் கொடுத்து, வித்தியாசம் குறையுமாறு ஆடச் செய்தனர். அதில் சிக்கியவர்களுள் லாங் ஐலண்டு பல்கலைக்கழகத்தின் ஷெர்மன் வைட் ஒருவர்; ஸிடி கல்லூரியின் பிளாயிட் லேன் மற்றொருவர். வைட் அக்காலத்தின் தலைசிறந்த கல்லூரி ஆட்டக்காரராகக் கருதப்பட்டவர், சிறையும் சென்றார். என்.பி.ஏ. இவ்விருவருக்கும் தன் கதவை நிரந்தரமாக அடைத்தது. தரகர்களின் பணம் வாங்கியது குற்றமே, அதில் ஐயமில்லை. ஆயினும் இருபத்திரண்டு வயதில் செய்த குற்றத்திற்கு வாழ்நாள் முழுவதும் கதவடைப்பது தகுமா என்ற கேள்வி எழாமல் இல்லை. ஈஸ்டர்ன் லீக் அவர்களை ஆட அனுமதித்தது. பிளாயிட் லேன் 1970-களில் தம்முடைய பழைய ஸிடி கல்லூரிக்கே பயிற்சியாளராகத் திரும்பினார்.

தொலைவிலிருந்து எறிந்து கூடையில் விழச் செய்தால் இரண்டுக்குப் பதில் மூன்று புள்ளி தரும் விதியை இன்று எங்கும் காண்கிறோம். அதை முதலில் புகுத்தியவர், ஏப் ஸேபர்ஸ்டீன் என்பார் 1961-இல் தொடங்கிய வேறொரு லீக். அது 1962-ஆம் ஆண்டின் கடைசி நாளில் மூடப்பட்டது. அனாதையாய் நின்ற அவ்விதியை எடுத்து வளர்த்தது ஈஸ்டர்ன் லீக்கே. என்.பி.ஏ. அதை ஏற்றது 1979-இல்.

இனி வீழ்ச்சியைப் பார்ப்போம். எண்ணெயும் எரிவாயுவும் வீடுகளுக்குள் புகவே நிலக்கரிக்கு மதிப்புக் குறைந்தது. 1959 ஜனவரி 22-ஆம் நாள், நாக்ஸ் சுரங்கத்தில் ஸஸ்குவஹன்னா ஆறு கூரையை உடைத்துக்கொண்டு பாய்ந்தது. பன்னிருவர் மாண்டனர். அப்பகுதியில் ஆழ்சுரங்கத் தொழிலே அத்துடன் ஏறத்தாழ முடிந்தது. சம்பளம் நின்ற ஊரில் டிக்கட் வாங்குவோர் எங்கிருந்து வருவர்?

ஆயினும் லீக்கை மிகுதியாகத் தளரச் செய்தது வறுமையன்று. பெரிய கதவு திறந்ததுதான். 1967-இல் ஏ.பி.ஏ. என்ற போட்டி லீக் பதினொரு கோஷ்டிகளுடன் தோன்றியது. என்.பி.ஏ.வும் விரிந்தது. 1970-71 பருவத்தில் இரண்டிலும் சேர்த்து இருபத்தெட்டுக் கோஷ்டிகள் இருந்தன. நூறுக்கும் குறைவாக இருந்த இடங்கள் முந்நூறளவுக்குப் பெருகின. வார இறுதிகளில் மலைச்சாலையில் வந்துகொண்டிருந்தவர்கள் நல்ல சம்பளத்திற்குச் சென்றனர். ஆட்டக்காரருக்கு அது விடிவு, லீக்கிற்கு அஸ்தமனம். இரண்டும் ஒரே நிகழ்ச்சியின் இரு விளைவுகள் என்பதால் யாரையும் குறைகூற இயலாது. 1970-களின் நடுவில் எஞ்சியவை விரல்விட்டு எண்ணத்தக்க கோஷ்டிகளே.

அந்நிலையில், மூவாயிரம் மைல்களுக்கு அப்பாலுள்ள அலாஸ்காவின் ஆங்கரேஜ் நகரம் 1977-இல் ஒரு கோஷ்டியை இதில் சேர்த்தது. மோட்டார் காரில் சென்று ஆடிய லீக்குக்கு ஆகாய விமானம் தேவையாயிற்று. மறு ஆண்டே 'கான்டினெண்டல்' கூடைப்பந்து சங்கம், அதாவது ஸி.பி.ஏ. என்று பெயரும் மாறியது. 1980-களில் அது மீண்டும் தழைத்தது. ஆட்டத்தின் நான்கு பகுதிகளில் ஒவ்வொன்றிலும் முந்துவோருக்கு ஒரு புள்ளி, முழு ஆட்டத்தின் வெற்றிக்கு மூன்று புள்ளி என்று பட்டியலை அமைத்தனர். தோற்கும் கோஷ்டியும் கடைசி வரை உற்சாகம் குன்றாமல் ஆடியது. பிற்காலத்தில் என்.பி.ஏ.வில் பதினொரு முறை பட்டம் வென்ற பயிற்சியாளர் பில் ஜாக்ஸன், 1984-இல் அல்பனி நகரக் கோஷ்டிக்கு இந்த லீக்கின் பட்டத்தைப் பெற்றுத் தந்தவர். என்.பி.ஏ.வில் யாரேனும் காயமுற்றால் பத்து நாள் ஒப்பந்தத்தில் இங்கிருந்து ஆளெடுப்பது வழக்கமாயிற்று. ஆனால் சிறிய லீக்கின் உயிர் பெரிய லீக்கின் தயவில் தொங்கலாயிற்று.

1999-இல், புகழ்பெற்ற ஆட்டக்காரராயிருந்த ஐஸையா தாமஸ் முழு லீக்கையும் ஏறக்குறைய ஒரு கோடி டாலருக்கு வாங்கினார். ஊருக்கு ஊர் தனித்தனியே இருந்த உடைமை ஒரே கைக்கு வந்தது. ஓர் ஊரில் நஷ்டமென்றால் அவ்வூர்ப் பிரமுகர்கள் தாங்கிய காலம் போய், எல்லா ஊர்களின் நஷ்டமும் ஒரே கணக்கில் விழுந்தது. 2000-இல் அவர் என்.பி.ஏ.வின் இந்தியானா கோஷ்டிக்குப் பயிற்சியாளரானார். பதவியையும் லீக்கையும் சேர்த்து வைத்துக்கொள்ள விதி இடம் தராததால் உடைமையை அறங்காவலர் வசம் விட நேர்ந்தது. என்.பி.ஏ.வோ சொந்தமாகவே ஒரு பயிற்சி லீக்கை அமைக்க முடிவு செய்துவிட்டது. 2001 பிப்ரவரியில், பருவத்தின் நடுவிலேயே ஆட்டங்கள் நின்றன.

அவ்வாண்டின் இறுதியில் சில ஊர்கள் ஒன்றுசேர்ந்து பெயரை மீட்டன. எட்டு ஆண்டுகள் சிறிய அளவில் அது நடந்தது. 2009 பிப்ரவரியில் பணம் தீர்ந்து, பருவத்தைப் பாதியில் முடித்து, அல்பனிக்கும் ஓக்லஹோமாவின் லாட்டன் நகருக்குமிடையே மூன்று ஆட்டங்களில் முடிவு காண்பதென்று ஏற்பாடு செய்தனர். லாட்டன் வென்றது. அதன்பின் அந்த லீக் கூடவில்லை.