ஃப்ளோரைடு: சேர்ப்பதா, நீக்குவதா?

ஃப்ளோரிடாவில் இருக்கும் என் மகள் ஞாயிற்றுக்கிழமைதோறும் தொலைபேசியில் அழைப்பது வழக்கம். 2025 ஜூலையில் ஒரு ஞாயிறன்று, குசல விசாரிப்பெல்லாம் முடிந்ததும், "அப்பா, நீங்க கெமிஸ்ட்ரி வாத்தியார்தானே, ஒரு சந்தேகம் கேட்கணும்" என்று ஆரம்பித்தாள். அவர்கள் ஊர்க் குழாய்த் தண்ணீரில் இத்தனை காலமாக ஃப்ளோரைடு என்ற பொருளைக் கலந்து வந்தார்களாம். ஜூலை 1 முதல் மாநிலம் முழுவதும் அதைச் சட்டப்படி நிறுத்திவிட்டார்கள். "குழந்தைக்கு இப்பதான் பல் முளைக்குது. இனிமேல் சொத்தை விழுமா? இல்லே, இத்தனை நாள் விஷத்தைக் குடிச்சோமா? இங்கே ரெண்டு விதமாவும் பேசறாங்கப்பா" என்றாள்.

எனக்கு உடனே பதில் சொல்ல வாய் வரவில்லை. காரணம், அதே மாதத்தில் செகந்திராபாத்தில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் இதே ஃப்ளோரைடை எப்படி நீக்குவது என்று நாங்கள் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தோம். மகள் வீட்டில் சேர்ப்பதை நிறுத்திவிட்டார்களே என்ற கவலை; என் வீட்டில் சேர்ந்துவிட்டதே என்ற கவலை. இந்த முரண்பாட்டை நம் சங்க அன்பர்களுடன் பகிர்ந்துகொள்ளலாம் என்றுதான் இக்கட்டுரை.

கறை சொன்ன கதை

1901ஆம் ஆண்டு ஃப்ரெடரிக் மெக்கே என்ற இளம் பல் மருத்துவர் அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகருக்குத் தொழில் செய்யப் போனார். அந்த ஊரில் பிறந்து வளர்ந்த பலருக்குப் பற்களில் பழுப்புக் கறை. எவ்வளவு தேய்த்தாலும் போகாத கறை. அதே சமயம் இன்னொன்றையும் அவர் கண்டார். கறை படிந்த அந்தப் பற்களில் சொத்தை குறைவாக இருந்தது. காரணம் தண்ணீரில்தான் இருக்கவேண்டும் என்று அவர் சந்தேகித்தார். அது உறுதிப்பட 30 வருடம் ஆயிற்று. 1931இல் ஆர்கன்சாஸ் மாநிலத்தில் பாக்சைட் என்ற ஊரின் தண்ணீரைச் சோதித்த சர்ச்சில் என்ற வேதியியலார், அதில் ஃப்ளோரைடு மிக அதிகமாக இருப்பதைக் கண்டுபிடித்தார்.

பிறகு டிரெண்ட்லி டீன் என்ற அரசாங்கப் பல் மருத்துவர் ஊர் ஊராகத் தண்ணீரையும் பற்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார். லிட்டருக்கு 1 மில்லிகிராம் அளவில் ஃப்ளோரைடு இருந்தால், கறை அதிகம் விழாமலே சொத்தை குறைகிறது என்பது அவருடைய முடிவு. அப்படியானால், ஃப்ளோரைடு இல்லாத ஊர்த் தண்ணீரில் நாமே அந்த அளவு சேர்த்தால் என்ன என்ற கேள்வி எழுந்தது. 1945 ஜனவரி 25ஆம் தேதி மிச்சிகன் மாநிலத்தின் கிராண்ட் ராபிட்ஸ் நகரம், உலகில் முதன்முதலாகக் குடிநீரில் ஃப்ளோரைடு சேர்த்தது. 11 வருடம் கழித்துப் பார்த்தபோது, அதன்பின் பிறந்த குழந்தைகளிடையே சொத்தை 60 சதவீதத்துக்கும் மேல் குறைந்திருந்தது. அதைப் பார்த்துப் பல நாடுகள் பின்பற்றின. நம்மவர் பலர் வாழும் சிங்கப்பூரும் 1950களிலேயே சேர்க்கத் தொடங்கியது.

பல்லில் நடப்பது என்ன?

பல்லின் மேற்பூச்சான எனாமல் ஒருவகைக் கால்சியம் பாஸ்பேட் படிகம். நாம் இனிப்புத் தின்றால் வாயிலுள்ள நுண்ணுயிர்கள் அதை அமிலமாக்குகின்றன. அமிலம் எனாமலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கிறது. உமிழ்நீர் அந்த இழப்பை ஈடுசெய்யப் பார்க்கிறது. அந்தச் சமயத்தில் வாயில் சிறிது ஃப்ளோரைடு இருந்தால், புதிதாகப் படியும் படிகத்தில் அதுவும் சேர்ந்துகொள்கிறது. இந்தப் படிகம் அமிலத்தில் எளிதில் கரைவதில்லை.

இதில் கவனிக்கவேண்டியது, இந்த வேலை பெரும்பாலும் பல்லின் மேற்பரப்பில் நடக்கிறது என்பது. அதாவது ஃப்ளோரைடு பல்லில் படவேண்டும். விழுங்கித்தான் ஆகவேண்டும் என்பதில்லை. முதலில் விழுங்குவதே முக்கியம் என்று நினைத்தார்கள். பிற்பாடுதான் இது தெளிவாயிற்று. பற்பசைகளில் ஃப்ளோரைடு வந்த பிறகு விவாதமும் மாறிவிட்டது.

எதிர்ப்பவர் கட்சி

எதிர்ப்பவர்களின் வாதம் மூன்று. முதலாவது, சம்மதம். குளோரின் கலப்பது தண்ணீரைச் சுத்தப்படுத்த. ஃப்ளோரைடு கலப்பதோ குடிப்பவரின் உடம்புக்கு மருந்து கொடுப்பது போல. ஒவ்வொருவரையும் கேட்காமல் எப்படிக் கொடுக்கலாம்? நெதர்லாந்தில் 1973இல் உச்ச நீதிமன்றமே இதற்குச் சட்ட அடிப்படை இல்லை என்று சொல்லிவிட, அங்கே நின்றுபோனது. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரம் 2003இல் நிறுத்தியது. அந்த நாட்டில் ஃப்ளோரைடு கலந்த உப்புக் கடையில் கிடைக்கிறது. வேண்டியவர் வாங்கலாம், வேண்டாதவர் விடலாம்.

இரண்டாவது, பலன். பற்பசை பரவலான பின், தண்ணீரில் சேர்ப்பதால் வரும் கூடுதல் லாபம் சுருங்கிவிட்டது. 2024இல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பின்படி, 1975க்குப் பிந்தைய ஆய்வுகளில் அந்த லாபம் ஒரு குழந்தைக்குச் சராசரியாகக் கால் பால்பல் அளவுதான். ஆனாலும் ஒன்றுமில்லை என்று தள்ளிவிட முடியாது. கனடாவின் கால்கரி நகரம் 2011இல் நிறுத்திற்று. பிறகு நடந்த ஆய்வில், நிறுத்தாத எட்மண்டன் நகரக் குழந்தைகளைவிடக் கால்கரிக் குழந்தைகளுக்குச் சொத்தை அதிகம் என்று தெரிந்தது. மக்கள் வாக்களித்து, 2025 ஜூன் 30 முதல் மறுபடி சேர்க்கிறார்கள். பல் வைத்தியருக்குக் கொடுக்கப் பணமில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்குத் தண்ணீரே வைத்தியம் என்று ஆதரிப்பவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

மூன்றாவது, தீங்கு. 2024 ஆகஸ்டில் அமெரிக்க அரசின் தேசிய நச்சியல் திட்டம் ஓர் அறிக்கை வெளியிட்டது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃப்ளோரைடு உள்ள இடங்களில், குழந்தைகளின் அறிவுத்திறன் அளவு குறைவதோடு அதற்குத் தொடர்பு இருப்பதாக மிதமான உறுதியுடன் அது சொன்னது. அமெரிக்கக் குழாய்த் தண்ணீரில் 2015 முதல் பரிந்துரைக்கப்பட்ட அளவு 0.7 மில்லிகிராம். அந்தக் குறைந்த அளவிலும் தீங்கு உண்டா என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்றும் அதே அறிக்கை சொல்கிறது. சண்டையில் பலர் இந்த இரண்டாவது வாக்கியத்தை விட்டுவிடுகிறார்கள்.

அந்த அறிக்கைக்கு அடிப்படையான ஆய்வுகள் எந்த நாடுகளில் நடந்தவை தெரியுமா? சீனா, ஈரான், மெக்சிகோ, கனடா முதலியவற்றோடு இந்தியாவும் அதில் உண்டு. இனி நம் பக்கத்துக்கு வருவோம்.

நம் பூமியின் கதை

நம் நாட்டில் குடிநீரில் ஃப்ளோரைடு சேர்க்கும் வழக்கம் இல்லை. பூமியே சேர்த்துக் கொடுக்கிறது. கருங்கல் பாறைகளில் ஃப்ளோரைடு உள்ள தாதுக்கள் இருக்கின்றன. நீர் அந்தப் பாறை இடுக்குகளில் எவ்வளவு காலம் தங்குகிறதோ, அவ்வளவுக்குக் கரைத்துக்கொள்கிறது. கால்சியம் குறைந்த தண்ணீரானால் இன்னும் அதிகம் கரையும். தக்காணத்தில் பல இடங்களில் இப்படிப்பட்ட பாறைதான்.

1937இல் நெல்லூர் மாவட்டத்தில் எலும்பை முடக்கும் ஒரு நோயைப் பற்றி ஷார்ட், பண்டிட், ராகவாச்சாரி ஆகிய மூவர் எழுதினார்கள். அவர்கள் சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டைச் சேர்ந்தவர்கள். இந்தியாவில் ஃப்ளோரைடு நோயை முதலில் எடுத்துக்காட்டியது அந்தக் கட்டுரைதான். நாம் வாழும் இந்த ஹைதராபாத்துக்குப் பக்கத்திலுள்ள நல்கொண்டா மாவட்டத்தைப் பற்றி 1955இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழிலேயே கட்டுரை வந்தது. படிகாரமும் சுண்ணாம்பும் கலந்து ஃப்ளோரைடைப் படியவைத்து நீக்கும் முறையை நாகபுரியிலுள்ள நீரி நிறுவனம் உருவாக்கியபோது, அதற்கு 'நல்கொண்டா முறை' என்றே பெயர் வைத்தார்கள். ஒரு மாவட்டத்துக்கு இப்படியா பெயர் கிடைக்கவேண்டும்! தமிழ்நாட்டிலும் தர்மபுரி, கிருஷ்ணகிரி மக்களுக்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து, 2013இல் தொடங்கிவைக்கப்பட்டது.

எங்கள் குடியிருப்பின் காவலாளி நல்கொண்டாக்காரர். ஐம்பது வயதுதான். ஆனால் சம்மணமிட்டு உட்கார முடியாது. பின்னாலிருந்து கூப்பிட்டால் கழுத்தை மட்டும் திருப்பமாட்டார், உடம்போடு திரும்புவார். நான் அதை முதுகுவலி என்றே பல வருடம் எண்ணியிருந்தேன். ஒருநாள் கேட்டபோது, "எங்க ஊர்த் தண்ணி சார், எங்க அப்பாவுக்கும் இப்படித்தான்" என்று தெலுங்கில் சாதாரணமாகச் சொன்னார். 2016இல் தொடங்கிய மிஷன் பகீரதா திட்டத்தால் இப்போது அவர் ஊருக்குக் கிருஷ்ணா தண்ணீர் வருகிறது. அவருடைய பேரப்பிள்ளைகள் தப்பித்தார்கள். அவருடைய எலும்பு இனித் திரும்பாது.

ஒரு கணக்குப் பாருங்கள். ஃப்ளோரிடாவில் என் மகள் நாளைக்கு 2 லிட்டர் தண்ணீர் குடித்தாள் என்றால், லிட்டருக்கு 0.7 வீதம் உடம்பில் சேர்ந்தது 1.4 மில்லிகிராம். வெயிலில் கல் சுமந்தவர் 5 லிட்டர் குடிப்பார். கிணற்றில் லிட்டருக்கு 4 மில்லிகிராம் இருந்தால் 20 மில்லிகிராம். பொருள் ஒன்றுதான், அளவு 14 மடங்கு. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பதற்கு இதைவிட நேரான உதாரணம் என் பாடப்புத்தகத்திலும் இருந்ததில்லை.

என் வீட்டில் நடந்தது

மகன் குடும்பம் எங்களோடுதான் இருக்கிறது. பேரனுக்கு ஒன்பது வயது. புதிதாக முளைத்த முன்பற்களில் வெள்ளை வெள்ளையாகக் கோடுகள். "ஒழுங்காத் தேய்க்கிறதில்லே" என்று அவன் பாட்டி தினமும் திட்டுவாள். நானும் சேர்ந்து திட்டியிருக்கிறேன். பல் மருத்துவர் பார்த்துவிட்டு, "வீட்டில் என்ன தண்ணீர் குடிக்கிறீர்கள்?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. எங்கள் குடியிருப்பில் மாநகராட்சித் தண்ணீரும் போர் தண்ணீரும் ஒரே தொட்டியில்தான் விழுகின்றன. கோடையில் போர் தண்ணீர்தான் அதிகம்.

சோதனைக்குக் கொடுத்தோம். போர் தண்ணீரில் லிட்டருக்கு 1.9 மில்லிகிராம். இந்தியத் தர நிர்ணயப்படி ஏற்கத்தக்கது 1. வேறு வழியே இல்லாவிட்டால் 1.5 வரை. முப்பது வருடம் வேதியியல் சொல்லிக்கொடுத்த நான், பதினோரு வருடமாகக் குடித்த தண்ணீரை ஒருமுறைகூடச் சோதிக்கவில்லை. அந்தக் கோடுகள் பல்லின் அழகைத்தான் கெடுக்கும், வேறு கெடுதல் இல்லை என்று மருத்துவர் ஆறுதல் சொன்னார். அன்றிரவே பாட்டி பேரனிடம், "நீ ஒழுங்காத்தான்டா தேய்ச்சிருக்கே" என்றாள்.

குடியிருப்போர் கூட்டத்தில் இதைச் சொன்னபோது சிலருக்குக் கோபம். "வெளியே தெரிந்தால் ஃபிளாட் விலை போகாது சார்" என்றார் ஒருவர். இரண்டு கூட்டம் வாக்குவாதம் நடந்தது. கடைசியில் மாநகராட்சித் தண்ணீருக்குத் தனித்தொட்டி கட்டி, சமையலறைக் குழாய்களுக்கு மட்டும் தனிக் குழாய் போட்டோம். காவலாளி அறைக்கும் ஓர் இணைப்புக் கொடுக்கவேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றேன், கொடுத்தார்கள்.

செய்யவேண்டியவை

போர் தண்ணீரோ லாரித் தண்ணீரோ குடிக்கும் அன்பர்கள் ஒருமுறை ஃப்ளோரைடுக்கென்று குறிப்பிட்டுச் சோதித்துப் பாருங்கள். நிறம், மணம், ருசி எதிலும் இது தெரியாது. கொதிக்கவைத்தால் போகாது; நீர் வற்ற வற்ற அடர்த்தி கூடும். சாதாரண மெழுகுவர்த்தி ஃபில்டரும் நீக்காது. ஆர்.ஓ. கருவி பெருமளவு குறைக்கும். எட்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் உள்ள வீட்டில் கூடுதல் கவனம் தேவை. எனாமல் உருவாகும் பருவம் அதுதான். பற்பசையை மூன்று வயதுக்குள் அரிசி மணி அளவும், ஆறு வயதுவரை பட்டாணி அளவும் கொடுத்து, துப்பப் பழக்கினால் போதும்.

அடுத்த ஞாயிறு மகளிடம் சொன்னேன்: "நீ குடிச்சது விஷம் இல்லேம்மா. இனிமே குழந்தைக்குச் சொத்தைதான் விழணும்னும் இல்லே. இனிப்பைக் குறை, அரிசி மணி அளவு பேஸ்ட் வச்சு ரெண்டு வேளை தேய்ச்சு விடு. உங்க ஊர்த் தண்ணியிலே எது எவ்வளவு இருக்குன்னு வருஷா வருஷம் அச்சடிச்சுக் கொடுக்கிறாங்களே, அதை எடுத்துப் படி."

அவள் சிரித்துவிட்டு, "உங்க ஊர்லே அப்படிக் கொடுக்கிறாங்களாப்பா?" என்றாள். எங்கள் குடியிருப்பில் இப்போது ஆண்டுக்கு இருமுறை சோதனை செய்து, முடிவை மின்தூக்கிக்குப் பக்கத்தில் ஒட்டுகிறோம். ஒட்டுவது என் பொறுப்பு.