ஏழு பேருக்கு ஒரு வண்டி: மூணாவது வரிசைல யாரு?

"வீட்ல ஏழு பேர், எந்த வண்டி வாங்கலாம்?" இந்தக் கேள்விக்கு ஒரு எபிசோட் போட்டே ஆகணும்னு தோணிச்சு. ஏன்னா, இதே பஞ்சாயத்து இப்போ எங்க வீட்லயும் ஓடிட்டிருக்கு.

எங்க ஊர் சுசீந்திரம். தாணுமாலயன் கோயில் இருக்கே, அந்த ஊர்தான். நான் சென்னைல வேலை பார்க்கேன். வண்டி நிக்கப்போறது ஊர்ல. அதுல போகப்போறது அப்பா, அம்மா, அண்ணன், மதினி, பத்து வயசு மகள், மூணு வயசு மகன், அப்புறம் ஆச்சி. ஆச்சிக்கு ரெண்டு முட்டும் தேஞ்சுபோச்சு. மாசம் ஒருக்க திருவனந்தபுரத்துல டாக்டரைப் பார்க்கணும். அதனால இந்த வண்டி எங்களுக்கு ஆடம்பரம் இல்ல.

முதல்ல ஒரு சின்ன வரலாறு. வெளிநாட்ல மினிவேன்னு சொல்றதை நாம எம்.பி.வி.ன்னு சொல்றோம். 1984ல வந்த மாருதி வேன்தான் பின்னாடி ஆம்னி ஆச்சு, 2019ல நின்னுபோச்சு. 2000ல டொயோட்டா குவாலிஸ், 2005ல இன்னோவா, 2012ல எர்டிகா. அப்புறம் 2019ல ட்ரைபர், 2022ல கியா கேரன்ஸ். அந்த வருஷக் கடைசிலயே இன்னோவா ஹைகிராஸும் வந்துச்சு.

இதுல ரெண்டு ஜாதி உண்டு. பழைய இன்னோவா, கிரிஸ்டா எல்லாம் லாரி மாதிரி தனிச் சட்டத்து மேல பாடியை வச்சுக் கட்டுன வண்டி. இன்ஜின் முன்னாடி இருந்தாலும் பின் சக்கரம்தான் இழுக்கும். ஆள் நிறைஞ்சு மேடு ஏறும்போது பாரம் பின்னாடி சாயும். அப்போ பின் சக்கரத்துக்குப் பிடிப்பு கூடும். மழைல பேச்சிப்பாறை, கோதையாறு பக்கம் போறவங்களுக்கு இது நல்ல விஷயம். ஆனா தரை உயரம். எர்டிகா, கேரன்ஸ், ஹைகிராஸ் எல்லாம் சட்டமும் பாடியும் ஒண்ணாச் சேர்ந்தது, முன் சக்கரம் இழுக்கறது. தரை தாழ்வா இருக்கும், குலுக்கலும் குறைவு.

அப்பாவுக்கு கிரிஸ்டாதான் வேணும். "லட்சம் கிலோமீட்டர் ஓடினாலும் அசையாது" என்பது அவர் வாதம். அந்தப் பேர் சும்மா வந்ததில்ல. ஆனா ஆச்சி ஒரே வரில முடிச்சாச்சு: "மக்கா, வண்டி உழைக்கும், சரி. அதுக்கு நான் உள்ள ஏறணும்லா?"

அதனால என் முதல் விதி: வீட்ல யாருக்கு ஏற இறங்க ரொம்பக் கஷ்டமோ, அவங்களை ஷோரூமுக்குக் கூட்டிட்டுப் போங்க. இருக்கை அவங்க இடுப்பு உயரத்துல இருக்கணும். ரொம்ப உயரம்னா ஏறணும், ரொம்பத் தாழ்வுன்னா எந்திரிக்கணும். ரெண்டுமே முட்டுக்கு வேலை.

ரெண்டாவது விதி: வாங்குறதுக்கு முன்னாடியே யார் எங்க உக்காருவாங்கன்னு தாள்ல வரையுங்க. ஆச்சிக்கு முன் சீட். அதைப் பின்னாடி தள்ளி, காலை நீட்டிக்கலாம். அண்ணன் ஓட்டுவான். சின்னவனுக்கு குழந்தை சீட், நடு வரிசைல, டிரைவருக்குப் பின்னாடி. ஏன் அந்தப் பக்கம்? இடது சீட்டை மடக்கித்தான் கடைசி வரிசைக்கு ஏறுவோம். குழந்தை சீட் மாட்டுன இருக்கையை மடக்க முடியாது. மிச்ச நடு இடம் அப்பா அம்மாவுக்கு. மதினியும் மகளும் பின்னாடி. கேரன்ஸ்ல நடு வரிசைல தனித்தனி கேப்டன் சீட் வாங்குனா மொத்தமே ஆறு பேர்தான். எங்க கணக்குல ஒராள் வெளில நிப்பாங்க.

இப்போ முக்கியமான விஷயம், பாதுகாப்பு. குளோபல் என்கேப் சோதனைல ட்ரைபர் 2021ல நாலு ஸ்டார், கேரன்ஸ் 2022ல மூணு ஸ்டார். எர்டிகா 2019ல மூணு வாங்குச்சு. 2024ல, கடுமையான புது விதில, தென்னாப்பிரிக்காவுல விற்கிற எர்டிகாவுக்கு ஒண்ணுதான் கிடைச்சது. ஹைகிராஸ் 2025ல பாரத் என்கேப்ல அஞ்சு ஸ்டார். ஆனா இந்த ஸ்டார் எல்லாம் முன் மோதல், பக்க மோதலுக்கு. பின்னாடி இருந்து ஒரு லாரி வந்து இடிச்சா மூணாவது வரிசைக்கு என்ன ஆகும்னு அது சொல்லாது.

அதனால கடைசி வரிசைல நீங்களே உக்காந்து பாருங்க. தலைக்கும் பின் கண்ணாடிக்கும் எவ்வளவு இடைவெளி? தலைத் தாங்கி உயர்த்துனா தலை வரைக்கும் வருதா? பெல்ட் தோள்ல விழுதா, கழுத்துல விழுதா? பின் சீட்லயும் பெல்ட் போடணும்னு சட்டமே இருக்கு.

பெட்டி வைக்கவும் இடம் பாக்கணும். ஏழு பேரும் உக்காந்தா ட்ரைபர்ல மிஞ்சுறது 84 லிட்டர், எர்டிகால 209 லிட்டர். ட்ரைபர் நாலு மீட்டருக்குள்ள அடங்கும். ஹைகிராஸ் 4755 மில்லிமீட்டர். எங்க ரத வீதில மார்கழித் திருவிழா நேரம் திருப்பிப் பாத்தா அந்த வித்தியாசம் புரியும்!

செகண்ட் ஹேண்ட்னா எம்பரிவாகன் ஆப்ல எத்தனாவது ஓனர், இன்சூரன்ஸ் எப்போ வரைக்கும்னு பாருங்க. கடலோர ஊர் வண்டின்னா லிஃப்ட்ல ஏத்தி அடில துருவைப் பாருங்க. உப்புக் காத்து பெயின்ட் போட்ட இடத்தை விட அடியைத்தான் முதல்ல தின்னும்.

எங்க வீட்ல இன்னும் முடிவாகல. ஹைகிராஸ் பட்ஜெட்டுக்கு எட்டல. கிரிஸ்டா ஆச்சிக்கு எட்டல. இப்போதைக்கு பேச்சு கேரன்ஸ் பக்கம் சாயுது. மூணு ஸ்டார்னு நான் தயங்குறேன்.

கடைசியா ஒரு கணக்கு. ஏழு பேரும் ஒண்ணாப் போறது வருஷத்துக்குப் பத்து நாள்தான்னா, பாதுகாப்பான அஞ்சு சீட்டர் வாங்கிட்டு, அந்தப் பத்து நாளைக்கு வாடகைக்கு இன்னோவா எடுங்க. மாசாமாசம் போறீங்கன்னா மட்டும் மூணு வரிசைக்குக் காசு கொடுங்க. அப்புறம், ஏழு பேர் ஏறுற அன்னைக்கு டயர் காத்து முழுப் பாரத்துக்கான அளவுல இருக்கணும். டிரைவர் கதவைத் திறந்தா அந்த ஸ்டிக்கர் இருக்கும், பாத்துக்கோங்க. அடுத்த எபிசோட்ல பாப்போம் மக்களே.