எம்ஜிபி காரை வீட்டிலேயே புதுப்பித்தல்

எம்ஜிபி என்பது 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் ஆபிங்டன் நகரில் தயாரிக்கப்பட்ட சிறிய ஸ்போர்ட்ஸ் கார் ஆகும். கூரையில்லாத திறந்த வடிவிலும், 1965 முதல் ஜிடி என்னும் கூரையுள்ள வடிவிலும் ஐந்து லட்சத்துக்கும் அதிகமான கார்கள் வெளிவந்தன. அவற்றில் பெரும்பகுதி அமெரிக்காவுக்கு ஏற்றுமதியானது. ஆலை மூடப்பட்டு நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும், வீட்டுக் கொட்டகையில் வைத்துப் பழைய காரைப் புதுப்பிக்க விரும்புவோர் பலர் இந்தக் காரைத்தான் தேர்ந்தெடுக்கின்றனர். இதன் பாகங்கள் ஏறத்தாழ எல்லாமே இன்றும் புதிதாகக் கிடைக்கின்றன. கணினியோ உணர்கருவிகளோ இல்லாத எளிய அமைப்பு என்பது மற்றொரு காரணம்.

பழுதுபார்த்தல் வேறு, புதுப்பித்தல் வேறு. கெட்டுப்போன ஒரு பாகத்தை மாற்றிக் காரை மீண்டும் ஓடச் செய்வது பழுதுபார்த்தல். காரை முழுவதும் கழற்றி, ஒவ்வொரு பாகத்தையும் சோதித்து, தேவையானதை மாற்றி, தயாரானபோது இருந்த நிலைக்குக் கொண்டுவருவது புதுப்பித்தல்.

உடற்கூடு

இக்காரில் தனியான சேசிஸ் கிடையாது. தகடுகளை வளைத்துப் பற்றவைத்த கூடுதான் எஞ்சினையும் சக்கரங்களையும் பயணிகளையும் தாங்குகிறது. பேருந்திலும் லாரியிலும் சேசிஸ் செய்யும் வேலையை இங்கே தகடே செய்கிறது. கூரையுள்ள காரில் பாரத்தின் ஒரு பகுதியைக் கூரை ஏற்றுக்கொள்ளும். திறந்த காரில் அந்த உதவி இல்லாததால், கதவுகளுக்குக் கீழே முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை நீளும் பெட்டி போன்ற அமைப்பின் மீது பெரும்பாரம் விழுகிறது. வாசற்படிபோல் அமைந்திருப்பதால் இது இங்கே படிப்பெட்டி எனப்படுகிறது. வெளித்தகடு, நடுவில் நிற்கும் தகடு, அடித்தகடு ஆகியவை சேர்ந்து இதை உருவாக்குகின்றன.

துரு முதலில் தாக்குவதும் இந்த இடத்தைத்தான். முன்சக்கரம் வாரியடிக்கும் சேறு மட்கார்டின் உட்புறத்தில் தங்கி, ஈரத்தை விடாமல் பிடித்துவைக்கிறது. பனிக்காலத்தில் இங்கிலாந்துச் சாலைகளில் தூவப்படும் உப்பும் அதனுடன் சேர்ந்துகொள்கிறது. பெட்டி உள்ளிருந்து அரிக்கப்படுவதால் வெளியே ஒன்றும் தெரியாது. வெளியே தெரியும்போது உள்ளே தகடு மிச்சமிருப்பதில்லை.

விற்பனைக்கு வரும் பழைய கார்கள் பலவற்றில் இந்த அரிப்பின் மேல் பட்டி பூசி, தேய்த்து, பெயின்ட் அடித்திருப்பார்கள். பார்வைக்குப் புதுக்கார்தான். ஆனால் பக்கவாட்டில் மற்றொரு வாகனம் மோதினால் பட்டி எதையும் தாங்காது. ஒரு சிறு காந்தத்தைத் துணியில் சுற்றி ஓட்டிப் பார்த்தால் பட்டி பூசிய இடத்தில் அது ஒட்டாது. அடிப்புறத்தை ஸ்க்ரூடிரைவரால் அழுத்தியும் பார்க்கலாம். கதவின் பின்விளிம்பில் உள்ள இடைவெளி மேலே குறுகியும் கீழே அகன்றும் இருந்தால், கூடு நடுவில் தொய்ந்துவிட்டது என்று பொருள்.

பிரிட்டனில் நாற்பது ஆண்டுகளைக் கடந்த, பெரிய மாற்றங்கள் செய்யப்படாத கார்களுக்கு 2018 மே மாதம் முதல் ஆண்டுச் சோதனை கட்டாயமில்லை. முன்பு சீட் பெல்ட்டும் சஸ்பென்ஷனும் பொருத்தப்பட்ட இடங்களைச் சுற்றி அரிப்பு உள்ளதா என்று ஆண்டுதோறும் ஒருவர் தட்டிப் பார்த்தார். இப்போது அந்தப் பொறுப்பு புதுப்பிப்பவரிடமே வந்து சேர்ந்திருக்கிறது.

வெட்டுவதற்கு முன்

வீட்டில் வேலை செய்பவர்கள் மிகுதியாகச் செய்யும் பிழை, அரித்த படிப்பெட்டியை உடனே வெட்டி எடுப்பது. பாரம் தாங்கும் பாகம் போனதும் கூடு தன் எடையாலேயே வளையும். வளைந்த நிலையில் புதுத்தகட்டைப் பற்றவைத்தால் அந்த வளைவு நிலைத்துவிடும். பிறகு கதவு ஒருபோதும் சரியாக மூடாது.

ஆகவே முதலில் காரைச் சமமான தரையில் ஸ்டாண்டுகளின் மேல் நிறுத்த வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி எவரும் அடியில் நுழையக் கூடாது. பிறகு கதவு வாயிலின் குறுக்கே இரும்புக் குழாய்களைப் பற்றவைத்துக் கூட்டை இறுக்க வேண்டும். ஒரு பக்கத்தை முடித்த பின்னரே மறுபக்கத்தைத் தொடலாம். புதுத்தகட்டை முதலில் ஆங்காங்கே பொட்டு வைத்தாற்போல் பற்றவைத்து, கதவை மாட்டி, இடைவெளி சுற்றிலும் சீராக உள்ளதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் பொட்டுகளை அறுத்துத் திரும்பச் செய்ய வேண்டும். பொறுமையைச் சோதிக்கும் கட்டம் இதுவே. கதவு சரியாகப் பொருந்திய பிறகும் ஒரே மூச்சில் பற்றவைக்காமல், சிறுசிறு நீளமாக இடம் மாற்றி மாற்றிச் செய்தால்தான் சூட்டால் தகடு நெளியாது.

வெல்டிங் தொடங்குமுன் பேட்டரி இணைப்பையும் பெட்ரோல் தொட்டியையும் கழற்றிவிட வேண்டும். தொட்டி பின்புறச் சாமான் அறையின் அடியில் இருக்கிறது. காலியான தொட்டியிலும் பெட்ரோல் ஆவி நிற்கும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

கூடு முற்றிலும் அரித்திருந்தால் வேறு வழியும் உண்டு. பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் என்னும் நிறுவனம் பழைய ஆலையின் அச்சுகளைக் கொண்டே 1988 முதல் எம்ஜிபிக்குப் புதிய முழுக்கூடுகளைச் செய்து வருகிறது. விலை அதிகம்தான். ஆனால் நூறு ஒட்டுகள் போட்ட கூட்டைவிட இது உறுதியானது.

எஞ்சின்

எம்ஜிபியின் 1798 சிசி எஞ்சின், பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் 'பி' வரிசையைச் சேர்ந்தது. நம் அம்பாசடர் காரில் நெடுங்காலம் ஓடிய 1489 சிசி பெட்ரோல் எஞ்சினும் இதே குடும்பம்தான். அம்பாசடரைப் பிரித்துப் பழகிய மெக்கானிக் எவருக்கும் எம்ஜிபியின் எஞ்சின் புதிராக இருக்காது. 1964இன் பிற்பகுதியில் கிராங்க் தண்டைத் தாங்கும் மெயின் பேரிங்குகள் மூன்றிலிருந்து ஐந்தாக உயர்ந்தன. பாகம் வாங்குமுன் எஞ்சின் எண்ணைச் சரிபார்ப்பது இதனால் அவசியமாகிறது.

அக்காலப் பெட்ரோலில் கலந்திருந்த ஈயம் வால்வு இருக்கைகளைத் தேய்மானத்திலிருந்து காத்தது. பிரிட்டனில் அது 2000ஆம் ஆண்டோடு நீங்கியது. எனவே சிலிண்டர் ஹெட்டைக் கழற்றும்போதே எக்ஸாஸ்ட் வால்வுகளுக்குக் கடினப்படுத்திய இருக்கைகளைப் பொருத்துவது வழக்கம். எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் பழைய ரப்பர் குழாய்களைக் கரைத்துக் கசியச் செய்யும். எனவே அவற்றையும் மாற்ற வேண்டும்.

கருவிகளைப் பொறுத்தவரை ஒரு செய்தி போதும்: இதன் போல்ட்டுகள் அங்குல அளவைச் சேர்ந்தவை. மில்லிமீட்டர் ஸ்பேனரைப் போட்டால் போல்ட்டின் தலை மழுங்கிவிடும்.

மின்சாரமும் பிரேக்கும்

1967 வரை வந்த எம்ஜிபிகளில் பேட்டரியின் நேர்முனைதான் உடற்கூட்டுடன் இணைக்கப்பட்டிருந்தது. இன்றைய கார்களில் எதிர்முனை. இதை அறியாமல் பேட்டரியை மாற்றி இணைத்தால் பின்னாளில் பொருத்திய ரேடியோ போன்றவை எரிந்துபோகும். விளக்கு மங்குவது, ஹாரன் அடிக்காதது போன்ற கோளாறுகளுக்கு லூகாஸ் நிறுவனத்தின் சாதனங்களைக் குறைகூறுவது ரசிகர்களிடையே பழைய கேலி. பெரும்பாலும் காரணம் எர்த் இணைப்பில் படிந்த துருவாகவே இருக்கும்; உப்புத்தாளால் தேய்த்தால் தீர்ந்துவிடும்.

பிரேக்கில் சிக்கனம் பார்க்கக் கூடாது. குழாய்கள், ரப்பர் சீல்கள், திரவம் ஆகிய அனைத்தும் புதிதாக வேண்டும். பழைய பிரேக் ஷூக்களிலும் கிளட்ச் தட்டிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம் என்பதால் அத்தூளைக் காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும்.

பெயின்ட்

இருகலவை பெயின்ட்டில் உள்ள ஐசோசயனேட் நுரையீரலைத் தாக்கி ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியது. சாதாரண முகமூடி இதற்குப் போதாது. வெளிக்காற்று செலுத்தும் முகமூடி வேண்டும். ஆகவே தேய்ப்பது வரை வீட்டில் செய்துவிட்டு, அடிப்பதைப் பட்டறையிடம் விடுவதே நல்லது.

பெயின்ட் காய்ந்த பிறகு, படிப்பெட்டியின் உள்ளே நீண்ட குழலால் மெழுகுக் கலவையைப் பீய்ச்ச வேண்டும். அடியிலுள்ள நீர்வடி துளைகள் மெழுகாலோ பெயின்ட்டாலோ அடைபட்டுவிடாதபடி ஒரு கம்பியால் குத்தித் திறந்துவைக்க வேண்டும். புதுப்பித்த எஞ்சினை முதல் 500 மைல் வரை அதிவேகமின்றி ஓட்டி, பின்பு எண்ணெயை மாற்றி, ஹெட் நட்டுகளை அதற்குரிய வரிசையில் மறுபடி இறுக்கிக் கொள்ளலாம்.